கல்யாணம் செய்ததற்கு வேலை நீக்கம்: 60 லட்சம் போதுமா?

பழைய யூனியன்காரர்: செகந்திராபாத் ராணுவ மருத்துவமனையில் லெப்டினன்ட் பதவியில் இருந்த செவிலியரை, கல்யாணம் செய்துகொண்டார் என்பதற்காக 1988-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2016-ல் லக்னோ ஆயுதப்படைத் தீர்ப்பாயம் சம்பளப் பாக்கியோடு மீண்டும் வேலை கொடுக்கச் சொன்னது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 60 லட்சம் இழப்பீடாக மாற்றியது. 36 வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 14 ஆயிரம்கூட வராது. இதைப் போய் வெற்றி என்கிறார்கள்!

எச்ஆர் பாலா: 1988 சம்பளத்தை இன்றைய விலைவாசியில் பார்க்காதீர்கள் சார். இடையில் கொஞ்ச காலம் தனியார் வேலையும் பார்த்திருக்கிறார், தீர்ப்பிலேயே வருகிறது. எட்டு வாரத்தில் பணம் தராவிட்டால் 12% வட்டி என்றும் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருடம் கழித்து வார்டில் போய் நிற்கச் சொல்வதா?

பழைய யூனியன்காரர்: நிற்க வேண்டாம், பாக்கியைக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கலாமே. சட்டவிரோத நீக்கம் என்றால் மீண்டும் வேலையும் சம்பளப் பாக்கியும்தான் பொது விதி என்று 2013-ல் மகாராஷ்டிர ஆசிரியை ஒருவரின் வழக்கில் இதே நீதிமன்றம்தான் சொன்னது.

எச்ஆர் பாலா: அதே தீர்ப்பில், பணிக்காலம், நிர்வாகத்தின் நிதிநிலை எல்லாம் பார்த்து முடிவெடுக்கலாம் என்றும் இருக்கிறதே. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பழைய யூனியன்காரர்: நிதிநிலையா? எதிர்த்தரப்பு இந்திய அரசு தம்பி, மூடிப்போன மில் இல்லை.

கயல்: பணத்தை விடுங்கள். 1981 ஏர் இந்தியா தீர்ப்பை யாரும் பேசவில்லையே? முதல் முறை கர்ப்பமானாலே விமானப் பணிப்பெண்ணின் வேலை போகும் என்ற விதியை இந்தியப் பெண்மைக்கே அவமானம் என்று ரத்து செய்தார்கள், சரி. ஆனால் சேர்ந்த நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை இல்லை என்ற விதியை மட்டும் விட்டுவைத்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு உதவுமாம்! அப்படி இருக்கும்போது 1988-ல் ராணுவத்துக்கு என்ன பயம்?

எச்ஆர் பாலா: அங்கே பயிற்சிச் செலவும் ஒரு காரணம். நான்கு வருடத்தடையும் வாழ்நாள் தடையும் ஒன்றா? கல்யாணம் செய்தால் செவிலியரை நீக்கலாம் என்ற தன் 1977 விதியை ராணுவமும் 1995-ல் கைவிட்டுவிட்டது.

கயல்: கைவிட்டார்கள்தானே? அப்புறம் 2016 தீர்ப்பாய உத்தரவை எதிர்த்து ஏன் டெல்லி வரை போனார்கள்? மேல்முறையீடு செய்வது அரசின் உரிமை என்று மட்டும் சொல்லாதீர்கள், அது எனக்கும் தெரியும்.

எச்ஆர் பாலா: உரிமை என்றுதான் சொல்ல வந்தேன். தொகையைக் குறைக்கப் போயிருப்பார்கள், விதியைக் காப்பாற்ற இல்லை.

பழைய யூனியன்காரர்: அதற்கு அந்தம்மாவின் எட்டு வருடம்!