சர்க்கரைத் துணை: எங்கள் வீட்டுக் குழுவில் நான்கு நாள்

வியாழன்

[இரவு 8:05] குமரன்: எல்லாருக்கும் வணக்கம். சர்க்கரை நோயாளிகளுக்காக மொரிசியஸில் நாம் நடத்தும் ‘சர்க்கரைத் துணை’ வாட்ஸ்அப் குழுவில் இன்றோடு 312 பேர். தாத்தாவின் காலை எடுத்த வருஷம் நாம் ஒன்பது பேர் தொடங்கியது. இப்போது ஒரு நாளைக்கு 200 செய்தி வருகிறது, கேட்டவருக்குப் பதில் போய்ச் சேருவதில்லை. மாற்றி அமைக்க ஒரு திட்டம் வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பிலேயே கம்யூனிட்டி ஆக்கி, உள்ளே 7 குழு: சாப்பாடு, மருந்து, நடை, கால் பராமரிப்பு, டயாலிசிஸ், குழந்தைகள், அரட்டை. என்ன சொல்கிறீர்கள்?

[இரவு 8:11] வாக்வா மாமா: நல்ல முயற்சி தம்பி. ஏழு கறி மாதிரி ஏழு குழு. ஆனால் இலையில் ஏழும் ஒரே இடத்தில் இருக்கும். இங்கே ஏழு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டுமா?

[இரவு 8:14] மீனா அண்ணி: எனக்கும் அந்தச் சந்தேகம்தான் குமரன். கால் விரலில் புண், டயாலிசிஸ் நடக்கிறது, எதைச் சாப்பிடலாம் என்று ஒருவர் கேட்டால் எந்தக் குழுவில் கேட்பார்?

[இரவு 8:15] குமரன்: அண்ணி, அதை யோசிக்கவில்லை.

[இரவு 8:31] தேவி அக்கா: அம்மா ஒரு வாய்ஸ் அனுப்பியிருக்கிறார். மாமாவுக்குக் காது சரியாகக் கேட்காது என்பதால் எழுதிப் போடுகிறேன். அம்மா சொன்னது அப்படியே:

“குமரா, செவ்வாய் ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு மணி இருக்கும். உடம்பெல்லாம் வியர்வை, நைட்டி நனைந்துவிட்டது. மீட்டரில் சர்க்கரை 3.2, ரொம்பக் குறைவு. தேவிக்கு நைட் டியூட்டி. சர்க்கரை இறங்கினால் என்ன செய்யணும் என்று எனக்குத் தெரியும், பத்து பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த நேரம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி. குழுவில் நீ போட்ட குறிப்பு இருக்குமே என்று போனைத் திறந்தேன். தள்ளுகிறேன், தள்ளுகிறேன், பூ படம், காவடி படம், வெந்தயப் பொடி, யாரோ பேரனின் பிறந்த நாள். விரல் நடுங்கி எதையோ அழுத்திவிட்டேன், பாட்டு ஓடுகிறது. கடைசியில் சுவரைத் தட்டினேன். பக்கத்து வீட்டம்மா வந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். ஏழு குழு போடு, எழுபது போடு, எனக்கு வேண்டியது அந்த ஒரு குறிப்பு, அந்த நேரத்தில்.”

[இரவு 8:33] மீனா அண்ணி: பெரியம்மா, ஏன் என்னைக் கூப்பிடவில்லை? எந்த நேரமானாலும் எடுப்பேனே.

[இரவு 8:36] தேவி அக்கா: கூப்பிடத் தோன்றாது மீனா. சர்க்கரை இறங்கும்போது மூளைக்கே தீனி குறைகிறது. படித்தவர், அனுபவசாலி என்ற வித்தியாசம் கிடையாது. வார்டில் தினம் பார்க்கிறேன். ஆனால் அம்மாவுக்கு என்றபோது அடுத்த நாள் முழுக்க எனக்குக் கை ஓடவில்லை.

[இரவு 8:52] குமரன்: மன்னியுங்கள் பெரியம்மா. அந்தக் குறிப்பை பிடிஎஃப் ஆகப் போட்டேன், மார்ச் மாதம். குழுவின் மேலேயே நிற்கும்படி ‘பின்’ செய்தும் வைத்தேன். ஆனால் வாட்ஸ்அப்பில் பின் அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். ஏப்ரலிலேயே கழன்றுவிட்டது, நான் கவனிக்கவில்லை.

[இரவு 8:54] வாக்வா மாமா: சரி தம்பி, மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. இப்போது தெரிந்துவிட்டதே. இனி மாதம் பிறந்தால் முதல் நாள் பின்னைப் புதுப்பிப்பது யார் வேலை என்று ஒருவர் பெயரைச் சொல்லிவிடு.

[இரவு 8:55] மீனா அண்ணி: என் வேலை. போனில் அலாரம் வைத்துவிட்டேன்.

வெள்ளி

[காலை 6:20] தேவி அக்கா: டியூட்டி முடிந்து பஸ்ஸில் வருகிறேன். ராத்திரி முழுக்க இதையே யோசித்தேன். நர்ஸ் பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன ஒரு விஷயம். நம் நாட்டில் 1987 வரை ரேஷன் எண்ணெயில் பெரும்பகுதி பாமாயில். அந்த வருஷம் அரசு அதை முழுக்கச் சோயா எண்ணெயாக மாற்றியது. 1992ல் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தபோது மக்களின் சராசரி கொலஸ்டிரால், மில்லிமோல் கணக்கில், 5.5இலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. வேறு முயற்சிகளும் நடந்தன, ஆனால் எண்ணெய்க்குப் பெரிய பங்கு. அம்மா அப்போதும் அதே கடைக்குத்தான் போனார், ரேஷன் எண்ணெய் என்றுதான் கேட்டார். புதிதாக எதையும் கற்கவில்லை. குமரா, நம் குழுவையும் அந்த மாதிரி மாற்ற முடியுமா பார். ஆட்களுக்குப் பாடம் நடத்தாதே. அவர்கள் கை வழக்கமாகப் போகும் இடத்தில் நல்லதைக் கொண்டுவந்து வை.

[காலை 6:48] குமரன்: அக்கா, எபேனில் எங்கள் ஆபீஸில் நாள் முழுக்க மீட்டிங் போட்டு இதைத்தான் பேசுகிறோம். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

[காலை 7:02] மீனா அண்ணி: அப்படியென்றால் ஃபார்வர்டு, குட் மார்னிங் எல்லாவற்றையும் முதலில் நிறுத்தலாமா? 2024 பொங்கல் அன்று பெலால் புயல் வந்ததே, போர்ட் லூயியில் கார்கள் மிதந்த வீடியோதான் வரிசையாக வந்தது. கரண்ட் போய்விட்டது, இன்சுலினை என்ன செய்வது என்று ஒரு அம்மா கேட்டது ஆறு மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. பயத்தில் அதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

[காலை 7:05] தேவி அக்கா: ஆமாம், அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் பேனா 30 டிகிரிக்குக் கீழே, வெயில் படாமல், பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். கொட்ட வேண்டிய அவசியமே இல்லை.

[காலை 7:26] வாக்வா மாமா: ஒரு வார்த்தை. குட் மார்னிங்கை நிறுத்துவதற்கு எனக்குச் சம்மதம் இல்லை. திரியோலேயில் தனியாக இருக்கும் அண்ணாச்சியை நினைத்துப் பாருங்கள். மனைவி போய்விட்டார், பிள்ளைகள் பிரான்ஸில். தினமும் ஆறரைக்கு ஒரு செம்பருத்திப் படம் போடுவார். அதே செடி, அவர் வாசலில் இருப்பது, அன்றன்று எடுத்த படம். போன ஆகஸ்டில் ஒரு நாள் எட்டு மணி ஆகியும் படம் வரவில்லை. நான் போன் செய்தேன், எடுக்கவில்லை. கோவில் பையன் ஒருவனை அனுப்பினேன். குளியலறையில் விழுந்து கிடந்தார். அந்தப் பூதான் அவருடைய உயிர்க்குறி. அதைக் குப்பை என்று தள்ளினால் இந்தக் குழு எதற்கு?

[காலை 7:28] மீனா அண்ணி: தெரியாமல் சொல்லிவிட்டேன் மாமா.

[காலை 7:29] வாக்வா மாமா: இல்லையம்மா, நீ சொன்னதும் நியாயம். இரண்டுக்கும் இடம் வேண்டும். வீட்டில் திண்ணையும் உண்டு, மருந்து அலமாரியும் உண்டு. திண்ணையில் மருந்தை வைப்பதில்லை.

[காலை 9:40] குமரன்: அப்படியானால் இதுதான் புதுத் திட்டம். பேசுகிற இடம் இரண்டு மட்டும். ஒன்று ‘திண்ணை’: பூ, பிறந்த நாள், சமையல், மனசு விட்டுப் பேசுவது. இன்னொன்று ‘கேள்வி’: உடம்பு சம்பந்தமானது மட்டும். மேலே அறிவிப்புக்கு ஒரு குழு, அதில் நாம் ஐந்து பேர் மட்டும் எழுதுவோம். இன்னொரு நன்மை, அறிவிப்புக் குழுவில் ஒருவர் நம்பர் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. பொடி விற்பவர் ஒருவர் குழுவில் புகுந்து, நம்பரை எடுத்து எல்லாருக்கும் தனியாகச் செய்தி அனுப்பினாரே, அதற்குக் கொஞ்சமாவது தடை.

[காலை 9:58] தேவி அக்கா: டைப் 1, அதாவது இன்சுலின் போட்டே ஆக வேண்டிய சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று கொடு. அவர்கள் இன்சுலின் யூனிட் கணக்குப் பேசுவதைப் பார்த்து மாத்திரை மட்டும் சாப்பிடும் பெரியவர்கள் குழம்புகிறார்கள். அவர்களே கேட்டார்கள்.

[காலை 10:00] குமரன்: சரி அக்கா. அது மூன்றாவது. அதற்கு மேல் கிடையாது.

[பகல் 12:15] மீனா அண்ணி: இன்னொன்று. எங்கள் அம்மா மதுரையிலிருந்து குழுவில் இருக்கிறார். போன வாரம் பெரியம்மா ‘காலையில் 6, நல்லாயிருக்கு’ என்று போட்டதும் அம்மா பதறிப்போய் எனக்குப் போன் செய்தார், அந்த அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று. இந்தியாவில் மீட்டர் மில்லிகிராம் கணக்கு. இங்கே மில்லிமோல். இங்கே 7 என்றால் அங்கே 126, 18ஆல் பெருக்க வேண்டும். வெளியூர் உறவினர்கள் நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். அம்மா ‘110’ என்று போட்டதை இங்கே ஒருவர் 11.0 என்று படித்து, மாத்திரையைக் கூட்டலாமா என்று கேட்டார்.

[பகல் 12:22] தேவி அக்கா: இது ஆபத்தானது. எண்ணோடு ஊரையும் எழுதச் சொல்வோம். ‘மொரிசியஸ் 6’, ‘மதுரை 110’. யூனிட் பெயர் யாருக்கும் நினைவில் நிற்காது, ஊர் பெயர் நிற்கும்.

[பகல் 12:24] வாக்வா மாமா: அருமை. சொல்லவும் சுலபம்.

[மாலை 5:30] குமரன்: குறிப்பை ஒரே படமாகச் செய்துவிட்டேன். பிடிஎஃப் இல்லை, டவுன்லோடு செய்ய வேண்டாம், டேட்டா இல்லாதவருக்கும் ஒரு முறை வந்தால் போனில் நிற்கும். அக்கா, வாசகம் சரியா பாருங்கள்:

*4-க்குக் கீழ்?*
*சர்க்கரை 3 டீஸ்பூன், தண்ணீரில் கலந்து குடி.*
*15 நிமிஷம் உட்கார். மறுபடி பார்.*
*இன்னும் 4-க்குக் கீழ் என்றால் மறுபடி குடி.*
*ஏறியதும் ரொட்டி அல்லது பிஸ்கட்.*
*மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாதே. ஆம்புலன்ஸ் 114.*

[மாலை 5:41] தேவி அக்கா: சரியாக இருக்கிறது. சாக்லேட் என்று எழுதாதது நல்லது, கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். க்ரியோல் மொழியிலும் ஒன்று செய்துவிடு, தமிழ் படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம்.

[மாலை 5:50] வாக்வா மாமா: எழுத்து எல்லாம் ஒரே அளவில் இருக்கிறதே தம்பி. நம் ரூபாய் நோட்டை எடுத்துப் பார். ஆங்கிலம், தமிழ், இந்தி மூன்றும் இருக்கின்றன. ஆனால் என் பாட்டி எந்த எழுத்தையும் படித்ததில்லை. நிறமும் பெரிய எண்ணும் பார்த்தே சில்லறை எண்ணுவார். 4, 3, 15, 114. இந்த நான்கு எண்ணும் கண்ணாடி இல்லாமல் தெரிய வேண்டும்.

[மாலை 6:35] குமரன்: மாற்றிவிட்டேன் மாமா. 4 சிவப்பில், படத்தில் பாதி அளவு.

சனி

[மாலை 4:10] குமரன்: ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். பெரியம்மா கையில் போனைக் கொடுத்து, ‘சர்க்கரை இறங்கிவிட்டது, குறிப்பை எடுங்கள்’ என்று சொல்லி நேரம் பார்த்தேன். ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. 50 வினாடி ஆகியும் கிடைக்கவில்லை. பின் செய்த பட்டை மேலே கண் முன்னால் இருக்கிறது, பெரியம்மா அதை விளம்பரம் என்று நினைத்திருக்கிறார்.

[மாலை 4:12] மீனா அண்ணி: அட, நாமெல்லாம் பின் பின் என்று பேசினோமே!

[மாலை 4:13] தேவி அக்கா: அம்மா முதலில் எங்கே கை வைத்தார்?

[மாலை 4:15] குமரன்: போனின் ஓரத்தில் இருக்கும் பட்டனில். திரை எரிகிறதா என்று பார்த்தார். அப்புறம் வாட்ஸ்அப்பைத் தேடினார். அதற்கே 20 வினாடி. கட்டைவிரல் ஊசி குத்திக் குத்திக் காய்த்திருக்கிறது, போன் அந்த விரலை ஏற்கவில்லை, இரண்டு முறை பின்கோடு போட்டார்.

[மாலை 4:16] தேவி அக்கா: அப்படியென்றால் திரை எரிந்ததும் அங்கேயே இருக்கட்டும். லாக் ஸ்கிரீன் படமாக வை.

[மாலை 4:24] குமரன்: வைத்தேன் அக்கா. ஒரு பட்டன், ஒரு வினாடி. பெரியம்மா படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து சமையலறைக்கே போய்விட்டார், சர்க்கரை டப்பாவை எடுத்துக் காட்டுகிறார்.

[மாலை 4:30] மீனா அண்ணி: பார்ப்பவர்களுக்கெல்லாம் நோய் தெரியுமே, சிலருக்குப் பிடிக்காது. வேண்டியவர்களுக்கு மட்டும் வைப்போம். மற்றவர்களுக்குப் பின் போதும்.

[மாலை 4:33] தேவி அக்கா: சரி. அம்மா மயங்கிக் கிடந்தாலும் வருகிறவர் கண்ணில் படும். எனக்கு அது பெரிய நிம்மதி.

ஞாயிறு

[காலை 6:31] வாக்வா மாமா: அண்ணாச்சியின் செம்பருத்தி ‘திண்ணை’யில் வந்துவிட்டது. நேற்று ராத்திரி போன் செய்து, எங்கே போட வேண்டும் என்று சொன்னேன். இன்று இரண்டு பூ.

[காலை 6:40] தேவி அக்கா: அம்மா சொல்கிறார்: “குமரா, பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்திலேயே இரு. பக்கத்து வீட்டம்மா, அவள் தங்கை, இன்னும் நாலு பேர் போனோடு வருகிறார்கள், படம் வைக்கணும். ஒருத்தி போன் சார்ஜ் நிற்காது. சார்ஜர் எடுத்து வா.”

[காலை 6:42] குமரன்: எடுத்து வருகிறேன் பெரியம்மா. அச்சடித்த அட்டையும் 30 கொண்டு வருகிறேன், ஃபிரிட்ஜில் ஒட்ட.