பழங்களை மட்டுமே நம்பிய சமைக்காத வீகன் உணவில் புரதம் போதுமா?

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இறைச்சி, முட்டை, பால் எதுவும் தொடாத வீகனாகிச் சில வருடங்கள் ஆகின்றன, அரை வருடத்துக்கும் மேலாக அடுப்பில் வைத்த எதையும் தொடாமல் பழங்களை முதன்மையாக வைத்துத்தான் சாப்பிடுகிறேன். ஆரம்பத்தில் உண்மையிலேயே நன்றாக இருந்தது, வயிறு லேசாக இருந்தது, மதியத் தூக்கம் போய்விட்டது, முகத்தில் பருக்கள் அடங்கின. ஆனால் கொஞ்ச நாட்களாகத் தலை சீவினால் சீப்பு நிறைய முடி வருகிறது, குளியலறை வடிகாலில் தினமும் ஒரு சுருள் எடுத்துப் போடுகிறேன். ஜிம்மில் முன்பு சாதாரணமாகத் தூக்கிய எடை இப்போது தோளைப் பிடித்து இழுக்கிறது. பீரியட்ஸும் தள்ளித் தள்ளிப் போகிறது.

எடை 55 கிலோ. ஒரு நாளில் சாப்பிடுவது தோராயமாக இவ்வளவு: நடுத்தர அளவு வாழைப்பழம் எட்டு, மெஜூல் பேரீச்சை பத்து, ஆரஞ்சு நான்கு, இரவில் பெரிய கிண்ணம் நிறைய லெட்யூஸ், 200 கிராம் இருக்கும். 80/10/10 முறை (கலோரியில் 80 சதவீதம் மாவுச்சத்து, 10 புரதம், 10 கொழுப்பு) என்பதால் விதைகள், கொட்டைகளைக் கொழுப்புக்குப் பயந்து தொடுவதில்லை.

வீட்டில் புரதம் புரதம் என்று நச்சரிக்கிறார்கள், பழ உணவுக்காரர்களோ புரதக் குறைபாடு என்பதே கட்டுக்கதை என்கிறார்கள். இரண்டு பக்கமும் சத்தம்தான் கேட்கிறது, கணக்கை யாரும் சொல்வதில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முட்டை, பால் சாப்பிடு என்று மட்டும் வேண்டாம், அது விலங்குகளுக்காக எடுத்த முடிவு, அதில் மாற்றமில்லை.

---

கனிமரம் எழுதியது:

பயப்படாதீர்கள் தோழி. நான் பல வருடங்களாகப் பழத்தில்தான் இருக்கிறேன், புரதம் இல்லாமல் யாரும் விழுந்து நான் பார்த்ததில்லை. யோசித்துப் பாருங்கள், மனித வாழ்க்கையிலேயே வேகமாக வளரும் காலம் கைக்குழந்தைப் பருவம்தான், அப்போது குடிக்கும் தாய்ப்பாலில் கலோரியில் ஆறேழு சதவீதம்தான் புரதம். வளர்கிற குழந்தைக்கே அது போதும் என்றால் வளர்ந்து முடிந்த நமக்கு எதற்கு அதற்கு மேல்? கொரில்லாவைப் பாருங்கள், அவ்வளவு தசை, என்ன பவுடரா குடிக்கிறது? முடி கொட்டுவது பழைய கழிவுகள் வெளியேறும் கட்டமாக இருக்கலாம். பழத்தின் அளவைக் கூட்டுங்கள், குறைத்துச் சாப்பிடுவதுதான் பலருக்கும் பிரச்சினை.

---

தட்டும்தராசும் எழுதியது:

நான் உணவியல் நிபுணராக வேலை பார்க்கிறேன், வீகன் உணவில் இருப்பவர்கள் பலரையும் கவனித்து வருகிறேன், நானும் வீகன்தான். கணக்கு கேட்டிருக்கிறீர்கள், போட்டுப் பார்ப்போம்.

நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 105 கலோரி, 1.3 கிராம் புரதம். எட்டுக்கு 10 கிராம் சொச்சம். மெஜூல் பேரீச்சை ஒன்றில் அரை கிராம்கூட இல்லை, பத்துக்கு 4 கிராம். ஆரஞ்சு நான்குக்கு 5 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, லெட்யூஸுக்கு 2 கிராம் சொச்சம். எல்லாம் சேர்த்துச் சுமார் 1800 கலோரி, 22 கிராம் புரதம். பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்வது கிலோவுக்கு 0.8 கிராம், உலக சுகாதார நிறுவனம் 0.83 என்கிறது. உங்கள் எடைக்கு 44-லிருந்து 46 கிராம். நீங்கள் இருப்பது சரியாகப் பாதியில்.

இதில் லைசினைத் தனியாகப் பார்க்க வேண்டும். உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத அமினோ அமிலம் அது, கிலோவுக்கு 30 மில்லிகிராம் வேண்டும் என்பது 2007-இல் வந்த உலக சுகாதார நிறுவன அறிக்கையின் அளவு, உங்களுக்கு 1650. இப்போதைய தட்டில் ஆயிரத்தைச் சுற்றித்தான் வரும். தாவரங்களில் எல்லா அமினோ அமிலமும் இருக்கிறது என்று சொல்வது சரிதான், இருக்கிறது, ஆனால் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. பருப்பு, பயறு வகைகளில் லைசின் அள்ளிக் கிடக்கிறது, பழத்தில் அப்படி இல்லை.

கனிமரம் சொன்ன தாய்ப்பால் வாதம் எங்கு போனாலும் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 5 கிலோ குழந்தை ஒரு நாளில் 750 மில்லி பால் குடிக்கிறது என்று வையுங்கள், அது கிட்டத்தட்ட 500 கலோரி, 8 கிராம் புரதம். அதாவது கிலோவுக்கு 100 கலோரி, ஒன்றரை கிராமுக்கு மேல் புரதம். சதவீதம் குறைவாகத் தெரிவதற்குக் காரணம் குழந்தை தன் எடைக்குக் குடிக்கிற அளவு. அதே கணக்கில் நீங்கள் சாப்பிட வேண்டுமானால் ஒரு நாளைக்கு 5500 கலோரி உள்ளே போக வேண்டும். நீங்கள் அதில் மூன்றில் ஒரு பங்கு சாப்பிட்டுவிட்டு சதவீதத்தை மட்டும் கடன் வாங்க முடியாது. கொரில்லாவும் அப்படித்தான், நாள் முழுக்க இலையும் தண்டும் மென்றுகொண்டே இருக்கிறது, இலையில் கலோரிக்குக் கிடைக்கும் புரதம் பழத்தைவிட அதிகம், அதையெல்லாம் நொதிக்கவைக்க அதற்குப் பெரிய பெருங்குடல் இருக்கிறது. நமக்கு அந்தக் குடல் கிடையாது.

ஆனால் உங்கள் விஷயத்தில் என்னை உறுத்துவது புரதத்தைவிட பீரியட்ஸ் தள்ளிப்போவதுதான். ஜெர்மனியில் நீண்ட காலமாகச் சமைக்காத உணவில் இருந்த 500 பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வு 1999-இல் வெளியானது. அதில் 45 வயதுக்குக் கீழ் இருந்த பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் ஓரளவோ முழுமையாகவோ நின்றிருந்தது, உணவில் சமைக்காத பங்கு கூடக்கூட அது அதிகமாக இருந்தது, பெண்களில் நான்கில் ஒருவர் எடைக்குறைவில் இருந்தார். உடம்புக்கு வரும் சக்தி செலவுக்குப் போதவில்லை என்றால் முதலில் நிறுத்துவது இனப்பெருக்க வேலையைத்தான். எலும்புக்கும் அது நல்லதல்ல, ஈஸ்ட்ரோஜன் குறைந்தபடியே போனால் எலும்பின் அடர்த்தி கரையும். ஜிம்முக்கும் போய்க்கொண்டு 1800 கலோரியில் இருப்பது உங்களுக்குக் குறைவாக இருக்கலாம். கலோரி போதாதபோது சாப்பிடுகிற கொஞ்சப் புரதத்தையும் உடம்பு எரிபொருளாக எரித்துவிடும், ஆக இரண்டு பக்கமும் நஷ்டம். இந்த ஒரு விஷயத்தில் கனிமரம் சொல்வதோடு ஒத்துப்போகிறேன், அளவைக் கூட்ட வேண்டும்.

முடி கொட்டுவதைக் கழிவு வெளியேற்றம் என்று விட்டுவிடாதீர்கள். சத்துக் குறைந்தாலோ எடை வேகமாக இறங்கினாலோ இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி உதிர ஆரம்பிக்கும், அதனால்தான் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரும்புச்சத்தும் தைராய்டும்கூடக் காரணமாகலாம், பார்க்காமல் சொல்ல முடியாது.

---

வெண்பல் எழுதியது:

பல் மருத்துவமனையில் வேலை செய்கிறேன், புரதத்தைப் பற்றி மேலே நன்றாகச் சொல்லிவிட்டார்கள், யாரும் பேசாத பல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பழம் மட்டும் சாப்பிடுபவர்களின் வாயைத் திறந்து பார்த்தாலே பல நேரம் தெரிந்துவிடும். முன்பற்களின் விளிம்பு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவ ஆரம்பித்திருக்கும், கடைவாய்ப் பல்லின் முனைகளில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்து உள்ளே மஞ்சளாகத் தெரியும். சொத்தை இல்லை அது, எனாமல் அமிலத்தில் கரைந்திருக்கிறது, திரும்ப வளராது. சமைக்காத உணவுக்காரர்கள் 130 பேரைப் பார்த்த ஆய்வு ஒன்றும் 1999-இல் ஜெர்மனியிலிருந்தே வந்தது, அதில் 60 சதவீதம் பேருக்கு ஒரு பல்லாவது கடுமையாகத் தேய்ந்திருந்தது, ஒப்பிட்டுப் பார்த்த மற்றவர்களில் அது 32 சதவீதம்தான்.

ஆரஞ்சை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடாமல் ஒரே நேரத்தில் சாப்பிட்டு முடியுங்கள், உடனே தண்ணீரில் கொப்பளியுங்கள், பல் துலக்குவதை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். அமிலம் பட்டு இளகியிருக்கும் எனாமலை பிரஷ் சுரண்டிவிடும். ஸ்மூத்தியை மணிக்கணக்கில் உறிஞ்சும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். பேரீச்சை பல்லில் ஒட்டும், ஃப்ளோரைடு பற்பசை கண்டிப்பாக வேண்டும்.

---

கனிமரம் எழுதியது:

நல்ல தகவல்கள், மறுக்கவில்லை. ஆனால் உடம்பு குறைந்த புரதத்துக்குப் பழகிக்கொள்ளும் என்பதும் உண்மைதானே? நான் நன்றாகத்தானே இருக்கிறேன்.

---

தட்டும்தராசும் எழுதியது:

பழகிக்கொள்ளும், உண்மைதான். புரதம் குறைந்தால் உடம்பு அமினோ அமிலங்களை எரிப்பதைக் குறைக்கும், சிறுநீரில் யூரியா குறையும், அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். ஆனால் அந்த 0.8 என்ற எண்ணே அப்படிப் பழகிய ஆட்களிடம் நைட்ரஜன் வரவு செலவை, அதாவது புரதத்தோடு உள்ளே வரும் நைட்ரஜனையும் வெளியேறும் நைட்ரஜனையும், அளந்து எடுத்ததுதான். சராசரித் தேவை 0.66, தனி மனித வேறுபாட்டுக்காக மேலே கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள். நிலாமுற்றம் சாப்பிடுவது 0.4. சராசரித் தேவைக்குக் கீழே போனபின் உடம்பு பழகுவது என்பது தசையைக் கொடுத்து வாங்குகிற பழக்கம், ஜிம்மில் தோள் இழுக்கிறது என்று அவர் எழுதியிருப்பதோடு அது பொருந்துகிறது. நீங்கள் நன்றாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி, நீங்கள் அதிகம் சாப்பிடுபவராகவோ கீரையும் விதையும் சேர்ப்பவராகவோ இருக்கலாம். வைட்டமின் பி12 எடுத்துக்கொள்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே ஆரம்பியுங்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். பழத்திலோ கீரையிலோ கழுவாத காய்கறியிலோ நம்பும்படியான பி12 கிடையாது, ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியில் இருப்பதில் பெரும்பகுதி உடம்புக்குப் பயன்படாத வடிவம். கல்லீரலில் சேமிப்பு சில வருடம் ஓடும், அதனால்தான் எல்லோரும் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். பழத்திலும் கீரையிலும் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் நிறைய இருப்பதால் ரத்தசோகை வெளியே தெரியாமல் மறைந்துகொள்ளும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும், கால் விரல் மரத்துப்போய் வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். அது எப்போதும் முழுதாகத் திரும்புவதில்லை.

---

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. 22 கிராம் என்று எழுத்தில் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. பி12 நானும் எடுப்பதில்லை, இன்று வாங்குகிறேன். இரண்டு சந்தேகம். கொழுப்பு பத்து சதவீதத்தைத் தாண்டாமல் புரதத்தை 44-க்குக் கொண்டுவர முடியுமா? முளைகட்டிய பயறைப் பச்சையாகச் சாப்பிடலாமா?

---

தட்டும்தராசும் எழுதியது:

முடியும். இப்போதைய தட்டோடு 30 கிராம் பூசணி விதை சேருங்கள், 9 கிராம் புரதம். முளைகட்டிய முழு மசூர் பருப்பு 150 கிராம், 13 கிராம். மொத்தம் 44 வந்துவிடும், கலோரி 2100-ஐத் தொடும், கொழுப்பு பத்துக்குள்ளேயே நிற்கும், லைசினும் ஏறிவிடும். கேல் மாதிரியான கீரைகளை லெட்யூஸோடு கலந்தால் கால்சியமும் கிடைக்கும். பாலக்கை மட்டும் தினமும் கட்டுக்கட்டாக ஸ்மூத்தியில் அடிக்காதீர்கள், ஆக்சலேட் அதிகம், சிறுநீரகக் கல்லுக்கு வழி. பத்து சதவீதம் என்பதை இவ்வளவு கறாராகப் பிடித்துக்கொள்ள வேண்டியதும் இல்லை என்பது என் கருத்து. பீரியட்ஸ் தடுமாறும் பெண்ணுக்குக் கொஞ்சம் கொழுப்பு கூடினால் கெடுதல் ஒன்றும் வராது, ஆளி விதையோ வால்நட்டோ ஒமேகா 3-க்காகவும் வேண்டும்.

முளைப்பயறில் இரண்டு எச்சரிக்கை. சிவப்பு ராஜ்மா வகைகளை முளைகட்டினாலும் பச்சையாகச் சாப்பிடவே கூடாது, நாலைந்து கொட்டையே வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும். மசூர், பச்சைப் பயறுக்கு அந்த அளவு பிரச்சினை இல்லை, ஆனால் முளை வளரும் ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடித்த இடம். 2011-இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தில் பரவிய ஈ.கோலி பாக்டீரியாவால் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் பச்சை முளையைத் தவிர்ப்பதே நல்லது. உங்களுக்கும் நான் சொல்வது, கொதிக்கும் தண்ணீரில் போட்டு நன்றாக வேகவிட்டு எடுங்கள். அடுப்பில் வைப்பதால் நீங்கள் வீகனாக இருப்பது மாறிவிடாது, விலங்குகளுக்காக எடுத்த முடிவு அப்படியே இருக்கும். ஒரு கப் வெந்த மசூரில் 18 கிராம் புரதம், 1200 மில்லிகிராமுக்கு மேல் லைசின். இந்த ஒரு கப்பைச் சேர்த்தாலே பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது பி12-ஓடு, அது குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீனும் சேர்த்துப் பாருங்கள், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, வைட்டமின் டி-யும் வேண்டும். ரத்தம் கொடுத்தபின் பி12 மாத்திரையை ஆரம்பியுங்கள், முன்பே ஆரம்பித்தால் எண் ஏறித் தெரியும், ஆனால் அதற்காக வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். பீரியட்ஸ் மூன்று மாதம் வராமலே போனால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், கர்ப்பப் பரிசோதனையும் அதில் உண்டு. ரிப்போர்ட் வந்ததும் எண்களை இங்கே போடுங்கள், ஃபெரிட்டினுக்குப் பக்கத்தில் ‘நார்மல்’ என்று அச்சடித்திருந்தாலும் எண்ணையே எழுதுங்கள்.