உபுண்டு 22.04-இல் கூடா (CUDA) நிரல் கம்பைல் ஆகவில்லை: ஜிசிசி பிழையா, டூல்கிட் பிழையா?

கேள்வி

வணக்கம். முதுகலைத் திட்டத்துக்காக, வெப்பப் பரவலை வரைகலை அட்டையில் கணக்கிடும் நிரல் ஒன்றை எழுதி வருகிறேன். மடிக்கணினியில் உபுண்டு 22.04, ஆர்டிஎக்ஸ் 4060 அட்டை. என்விடியா அட்டையில் கணக்கிட உதவும் கூடா டூல்கிட்டை உபுண்டுவின் சொந்தத் தொகுப்பிலிருந்து, நிறுவல் கருவியான ஆப்ட் வழியாக நிறுவினேன். அட்டையின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை கூடா 12.2 என்று காட்டுகிறது. டூல்கிட்டின் கம்பைலரான என்விசிசியைக் கேட்டால் 11.5 என்கிறது.

கம்பைல் செய்தால் என் கோப்பில் பிழை இல்லை. சி++ நூலகத்தின் எஸ்டிடி_ஃபங்ஷன் தலைப்புக் கோப்பில், பாராமீட்டர் பேக் விரிக்கப்படவில்லை என்று நின்றுவிடுகிறது. சி++ கம்பைலரான ஜிசிசியின் 10-ஆம் பதிப்பை நிறுவிக் கொடுத்ததும் அது மறைந்தது; உடனே 'கம்ப்யூட்_89' (என் அட்டையின் கட்டமைப்பு எண்) ஆதரிக்கப்படாத கட்டமைப்பு என்று வேறொரு பிழை. திட்ட ஆய்வுக் கூட்டம் நெருங்குகிறது. எதைத் திருத்துவது?

பதில் 1

கட்டமைப்பு எண்ணை 89-இலிருந்து 86-ஆக மாற்றுங்கள். 86-க்குக் கம்பைல் செய்தது 4060-இலும் ஓடும். ஜிசிசி 10 அப்படியே இருக்கட்டும். கூட்டத்துக்கு இது போதும்.

பதில் 2

தம்பி, மேலே சொன்ன வழியில் நிரல் ஓடும்; அதில் தவறில்லை. ஆனால் அடுத்து எந்த நூலகத்தைச் சேர்த்தாலும் இதே சுவரில் முட்டுவீர்கள். ஆய்வகக் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. மாணவர்கள் பழைய டூல்கிட்டை வைத்துக்கொண்டு கம்பைலரைக் கீழே இறக்கிக்கொண்டே போவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. உங்கள் இரண்டு பிழைகளுக்கும் வேர் ஒன்றுதான்: டூல்கிட் 11.5.

என்விடியா-எஸ்எம்ஐ காட்டும் 12.2 உங்கள் டிரைவர் தாங்கக்கூடிய உச்ச வரம்பு. நிறுவப்பட்ட டூல்கிட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 11.5 வெளிவந்தது 2021-இல். உங்கள் அட்டையின் தலைமுறை வந்தது 2022-இல். 89 என்ற கட்டமைப்பை என்விசிசி 11.8-இலிருந்துதான் அறியும். முதல் பிழையும் அப்படியே: 11.5, ஜிசிசி 11-ஐ ஏற்பதாகச் சொல்லிக்கொண்டு, அதன் தலைப்புக் கோப்பைப் படிக்கும்போது தடுமாறுகிறது. உபுண்டு 22.04-இன் இயல்புக் கம்பைலரே ஜிசிசி 11 என்பதால் பலரும் இதில் சிக்குகிறார்கள்.

ஆப்ட் நிறுவிய டூல்கிட்டை நீக்குங்கள். பிறகு என்விடியாவின் உபுண்டு 22.04 களஞ்சியத்தைச் சேர்த்து, 'கூடா-டூல்கிட்-12-2' என்ற தொகுப்பை மட்டும் நிறுவுங்கள். வெறும் 'கூடா' என்ற தொகுப்பைக் கேட்டால் டிரைவரையும் சேர்த்து இழுத்து வரும்; நன்றாக ஓடும் டிரைவரைத் தொடவே வேண்டாம். 12.2-இன் 'பின்' (bin) அடைவை, கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத் மாறியில் முதலிடத்தில் வையுங்கள். 12.2 ஜிசிசி 11-உடன் ஒத்துப்போகும்.

அடுத்தது பலர் தவறவிடும் இடம். பழைய பில்டு அடைவை முழுவதுமாக அழித்துவிடுங்கள். பில்டை அமைக்கும் கருவியான சிமேக், முதல் ஓட்டத்தில் கண்ட என்விசிசியின் பாதையையும், நீங்கள் கொடுத்த ஜிசிசி 10-ஐயும் தன் கேஷ் கோப்பில் எழுதி வைத்திருக்கிறது. பாத்தை எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் கோப்பு இருக்கும்வரை பழையதையே பிடித்துக்கொள்ளும். கட்டமைப்பு எண்ணை 89 என்று நேரடியாகக் கொடுங்கள். 'நேட்டிவ்' என்று எழுதச் சொல்லும் குறிப்புகள் சிமேக் 3.24 முதல்தான் பொருந்தும். உங்களிடம் இருப்பது 3.22 ஆக இருக்கும்.

கணினி முழுவதற்கும் இயல்பு ஜிசிசியை 10-ஆக மாற்றச் சொல்லும் பதில்களை ஏற்காதீர்கள். கெர்னல் புதுப்பிக்கப்படும்போது டிரைவர் மாட்யூலும் மறுபடி கம்பைல் ஆகும். அப்போது கம்பைலர் பொருந்தாமல் போனால் திரையே வராமல் போகலாம். ஆதரிக்கப்படாத கம்பைலரை அனுமதிக்கும் கொடியும் (கட்டளையில் சேர்க்கும் தெரிவு) வேண்டாம். அது பதிப்புச் சரிபார்ப்பை அணைக்கும். பொருத்தமின்மை அப்படியே இருக்கும்.

கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா. 12.2 நிறுவினேன், பில்டு அடைவையும் அழித்தேன். இன்னும் சிமேக் 11.8 என்று காட்டுகிறது. நான் 11.8-ஐ நிறுவவே இல்லை.

பதில் 2

'டைப் -ஏ என்விசிசி' என்று கொடுத்து, வரும் எல்லா வரிகளையும் பாருங்கள். பைத்தான் தொகுப்புகளை நிர்வகிக்கும் கோண்டாவின் சூழல் ஏதேனும் செயலில் இருக்கிறதா? அதன் 'பின்' (bin) அடைவு பாத்தில் முந்திக்கொள்ளும்.

கேட்டவர்

ஆம், பைத்தான் பாடத்துக்கான கோண்டா சூழலுக்குள் ஓர் என்விசிசி இருக்கிறது. சூழலை விட்டு வெளியேறி, பில்டு அடைவை மறுபடி அழித்துச் சிமேக்கை ஓட்டியதும் 12.2-ஐ எடுத்துக்கொண்டது. நிரல் கம்பைல் ஆகி ஓடுகிறது. ஜிசிசி 10-ஐ நீக்கிவிடலாமா?

பதில் 2

இருக்கட்டும், இடையூறு இல்லை. சிமேக் கட்டளையில் மட்டும் 12.2-இன் என்விசிசி முழுப் பாதையையும் கூடா கம்பைலராகக் குறித்துவிடுங்கள். கோண்டா சூழலுக்குள் இருந்தாலும் மாறாது.