கலைச்சொல் விவாதம்: 'லிவிங் வில்' என்பதற்குத் தமிழில் என்ன?

அனுப்புநர்: க. செ., பெங்களூரு
பொருள்: ஒப்புதல் படிவத்துக்கு மூன்று சொற்கள் தேவை

அனைவருக்கும் வணக்கம்.

மதம், மருத்துவ அறம், சாவு ஆகிய மூன்றையும் சேர்த்து ஆராயும் துறைக்குத் தமிழில் ஒரு சொற்பட்டியல் இல்லை. இப்போது அவசரமாகத் தேவைப்படுவது ஓர் ஆய்வுக்கான ஒப்புதல் படிவம். பெங்களூரில் உள்ள தமிழ்க் குடும்பங்கள், தீவிர சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் வேளையில் என்னென்ன சமயக் காரணங்களைச் சொல்கின்றன என்பதே ஆய்வுப்பொருள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைப்படி இந்த ஆய்வு நிறுவன அறக்குழுவின் முன் போகும். குழுவில் 7 முதல் 15 பேர் இருப்பார்கள். மருத்துவர்கள், சட்டம் தெரிந்தவர், பொதுமக்களில் ஒருவர் ஆகியோரோடு சமூகவியல், மெய்யியல் அல்லது இறையியல் படித்த ஒருவருக்கும் அதில் இடமுண்டு. (மதத்தைப் படித்த மாணவர்கள் மருத்துவமனைக்குள் கால்வைக்கும் வாசல்களில் இதுவும் ஒன்று. இங்குள்ள இளையவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.) படிவம் பங்கேற்பவரின் மொழியில் இருக்கவேண்டும். அதை மூலத்தைப் பார்க்காத ஒருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பி, பிறகு இரண்டையும் ஒப்பிடுவார்கள். நாளிதழில் வரும் 'கருணைக்கொலை'யைப் போட்டால் அது 'மெர்சி கில்லிங்' என்று திரும்பிவரும், குழு படிவத்தைத் தள்ளிவிடும். தள்ளுவதுதான் சரி. 'பாசிவ் யூத்தனேசியா' (செயலற்ற கருணைக்கொலை) என்ற தொடரையே வழக்கிலிருந்து விலக்கவேண்டும் என்பதுதான் ஐ.சி.எம்.ஆரின் 2018 சொல்விளக்க ஆவணத்தின் நிலை.

தேவைப்படும் சொற்கள்: அட்வான்ஸ் மெடிக்கல் டைரக்டிவ் (மக்கள் வாயில் லிவிங் வில்; முடிவைச் சொல்ல முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது), வித்ஹோல்டிங் (சிகிச்சையைத் தொடங்காமல் விடுவது), வித்ட்ராயிங் (தொடங்கியதை எடுப்பது).

—

அனுப்புநர்: மு. வே.

அன்புள்ள க. செ.,

'வாழும் உயில்' ஏற்கெனவே சில இடங்களில் புழங்குகிறது. வேண்டாம் என்பேன். 'உயில்' ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் என்பது எனக்குத் தடையில்லை, அது எப்போதோ நம்முடையதாகிவிட்டது. தடை அதன் பொருளில் இருக்கிறது. உயில் என்றால் எழுதியவர் கண்மூடிய பின் பிரிப்பது என்று நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. காரியம் முடிந்து பெரியவர்கள் கூடி உட்கார்ந்த பிறகுதான் அதை எடுப்பார்கள், அதுவரை பீரோ லாக்கரில் கிடக்கும். இந்த ஆவணமோ எழுதியவர் உயிரோடிருந்தும் தன் முடிவைச் சொல்லமுடியாத நிலையில் மட்டும் செல்லுபடியாவது. உயிர் பிரிந்த கணத்தில் அதற்கு வேலையில்லை. 'உயில்' என்று பெயர் வைத்தால் தேவைப்படும் இரவில் அது லாக்கரிலேயே இருக்கும். பழைய பத்திரங்களில் வரும் 'மரண சாசனம்' என்பதற்கும் இதே குறை உண்டு.

பார்த்துக் கழித்தவை: 'முன்மொழிவு' தீர்மானம் கொண்டுவருவதற்கு ஆகிவிட்டது. 'முன்முடிவு' என்றால் விசாரிக்காமல் தீர்மானிப்பது. 'முன்னுரைப்பு' வருவதை முன்கூட்டிச் சொல்வது.

என் பரிந்துரை 'மருத்துவ முன்னாணை'. டைரக்டிவ் என்பதில் உள்ள அழுத்தம் 'ஆணை'யில் இருக்கிறது. 'உன் மேல் ஆணை' என்று சூளுரைக்கும் பொருளும் கூடவே வருகிறது, அது இந்த இடத்துக்குப் பொருந்தும்.

—

அனுப்புநர்: டாக்டர் ந., பெங்களூரு

மு. வே. ஐயாவுக்கு வணக்கம். உயிலைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. 'முன்னாணை'யில் எனக்கு ஒப்புதல் இல்லை.

இந்தச் சொல் அகராதியில் இருந்தால் போதாது. ஐ.சி.யு. வாசலில் இரவுப்பணி மருத்துவர் ஒரு மகளிடம் கேட்கும் கேள்விக்குள் அது இயல்பாக உட்காரவேண்டும். 'அப்பா ஏதாவது முன்னாணை வாங்கி வச்சிருக்காரா?' என்றால் கேட்பவருக்குக் கோர்ட்டு ஆர்டர் நினைவுக்கு வரும், அடுத்து போலீஸ் வருமோ என்ற பயம் வரும். 'வாங்கி' என்ற வினை தானாக வந்து ஒட்டிக்கொள்வதைக் கவனியுங்கள். ஆணை மேலிடத்திலிருந்து வாங்குவது, இதுவோ நோயாளி தானே எழுதுவது. 'அப்பா முன்விருப்பம் எழுதி வச்சிருக்காரா?' என்று கேட்டால் விளக்கமே வேண்டாம். ஆகவே பேச்சில் 'முன்விருப்பம்', முழுப்பெயர் 'மருத்துவ முன்விருப்ப ஆவணம்'.

பெயரோடு உள்ளடக்கமும் தெளிவாகவேண்டும். 'எனக்கு மெஷின் எதுவும் வேண்டாம்' என்று ஒரே வரியில் எழுதினால் பயன்படாது. எந்த மெஷின்? சிறுநீரகம் இரண்டு நாள் தடுமாறும்போது செய்யும் டயாலிசிஸும் மெஷின்தான், அதில் மீண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. இதயம் நின்றால் செய்யும் சி.பி.ஆர்., வென்டிலேட்டர், டயாலிசிஸ், இரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்து, மூக்குவழி அல்லது வயிற்றுவழி உணவுக்குழாய், ஆன்டிபயாடிக் என்று தனித்தனியாக, எந்த நிலைமையில் வேண்டும், எதில் வேண்டாம் என்று எழுதவேண்டும். வாசகம் இருபொருள்பட இருந்தால் அந்த ஆவணத்தைச் செயல்படுத்தக்கூடாது என்று தீர்ப்பே சொல்கிறது.

இன்னொன்று. 'சிகிச்சை நிறுத்தம்' என்ற தொடரைப் படிவத்தில் எங்கும் போடாதீர்கள். வலி மருந்தான மார்ஃபினும் நின்றுவிடும், நர்ஸும் வரமாட்டார் என்றுதான் குடும்பம் புரிந்துகொள்ளும். நிற்பது உயிர்தாங்கு சிகிச்சை மட்டும். நோவு தணிப்பு அப்போதுதான் கூடும்.

—

அனுப்புநர்: சு. இ., வழக்கறிஞர்

'விருப்பம்' மிக மெலிந்த சொல். 'அவர் ஆசைப்பட்டார், நாங்கள் கேட்கவில்லை' என்று ஒதுக்கிவிடலாம். சட்டத்தில் இதற்கு அதைவிட எடை அதிகம். காமன் காஸ் என்ற தொண்டு அமைப்பு தொடுத்த வழக்கில் 9.3.2018 அன்று உச்ச நீதிமன்ற அரசியல்சாசன அமர்வு இதை, உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் அரசமைப்பின் 21ஆம் பிரிவின்கீழ் கொண்டுவந்தது. 24.1.2023 அன்று நடைமுறையை எளிதாக்கியது. இப்போதுள்ள படிகள்:

எழுதுபவர் வயதுவந்தவராக, தெளிந்த மனநிலையில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதவேண்டும். தன்னால் முடிவெடுக்க இயலாதபோது தனக்காகப் பேச ஒருவரையோ பலரையோ பெயர் குறிப்பிடவேண்டும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்து, பிறகு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று. 2018இல் இது முதல்வகுப்பு ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்டின் மேலொப்பமாக இருந்தது, அதனாலேயே கிட்டத்தட்ட யாரும் எழுதவில்லை. பிரதிகள் பெயர் குறித்தவர்களுக்கும் குடும்ப மருத்துவருக்கும் போகவேண்டும். மாநகராட்சி அல்லது பஞ்சாயத்து நியமிக்கும் காப்பாளரிடமும் ஒன்று இருக்கவேண்டும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் திரும்பப் பெறலாம். ஒன்றுக்கு மேல் இருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டதே செல்லும்.

செயல்படுத்தும்போது மருத்துவமனையின் முதல்நிலைக் குழு கூடும். சிகிச்சை தரும் மருத்துவரும், குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரு வல்லுநர்களும் அதில் இருப்பர். அடுத்தது இரண்டாம்நிலைக் குழு. மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒருவரோடு, முதல் குழுவில் இல்லாத இரு வல்லுநர்கள். ஒவ்வொன்றும் கூடியவரை 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்லவேண்டும். அதன்பின் மருத்துவமனை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கும். அனுமதி கேட்பதல்ல, தெரிவிப்பது. குழு மறுத்தால் உயர் நீதிமன்றம். கர்நாடக அரசு 30.1.2025 அன்று இதற்கான ஆணையை வெளியிட்டிருப்பதால் பெங்களூரில் உங்கள் படிவம் இந்த நடைமுறையோடு ஒத்துப்போகவேண்டும்.

ஒரு சிக்கலை யாரும் தொடவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, 5ஆம் பிரிவிலும் ஓர் 'அட்வான்ஸ் டைரக்டிவ்' உண்டு. அது மனநோய்க்கான சிகிச்சை பற்றியது, நியமனப் பிரதிநிதி, மறுஆய்வு வாரியம் என்று அதன் வழியே வேறு. தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் இருக்கும் ஊரில் இரண்டும் ஒரே வாரத்தில் ஒரே குடும்பத்தின் கைக்கு வரலாம். 'முன்விருப்பம்' என்று மட்டும் விட்டால் இரண்டும் குழம்பும். நான் 'சிகிச்சை முன்மறுப்பு' என்று சொல்லலாம் என நினைக்கிறேன். சட்டத்தின் அடிப்படை மறுக்கும் உரிமைதானே.

—

அனுப்புநர்: டாக்டர் ந.

'முன்மறுப்பு' பாதியைத்தான் சொல்கிறது. 'வலிக்கு முழு மருந்து கொடுங்கள், வீட்டில் வைத்துப் பாருங்கள்' என்று எழுதுவதும் இதே தாளில்தான் வருகிறது. மறுப்பு என்று பெயர் வைத்தால் அந்த வரிகளை எழுதவே தோன்றாது.

மனநலச் சட்டத்தோடு குழம்பும் என்பது உண்மையான சிக்கல். அதற்கு 'மனநல முன்விருப்பம்', இதற்கு 'உயிர்தாங்கு சிகிச்சை முன்விருப்பம்' என்று முன்னொட்டால் பிரிக்கலாம்.

—

அனுப்புநர்: ம. ஜோ.

மதவியல் பக்கத்திலிருந்து பேசுகிறேன். முதல் சொல்லைவிட மற்ற இரண்டும்தான் ஆய்வுக்கு உயிர்நாடி, அவற்றைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை.

தொடங்காமல் விடுவதும் தொடங்கியதை எடுப்பதும் அறநோக்கில் ஒன்றே என்பது இன்றைய மருத்துவ அறவியலில் பெரும்பான்மைக் கருத்து. சமயங்கள் எல்லாம் அப்படிச் சொல்வதில்லை. யூதச் சமயச் சட்டத்தில் இரண்டுக்கும் இடையே பெரிய வேலி. இஸ்ரேலின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் அதனால்தான் தொடர் சிகிச்சை, சுற்றுச் சிகிச்சை என்று பிரித்தது. வென்டிலேட்டரில் நேரக்கருவி பொருத்தினால், நேரம் முடிந்ததும் அடுத்த சுற்றைத் தொடங்காமல் விடுவது 'எடுத்தல்' ஆகாது. கத்தோலிக்கத்தில் கோடு வேறு இடத்தில் விழுகிறது. 1957இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், இயல்பான வழிகள் கடமை, அசாதாரணமானவை கடமையல்ல என்றார். 2004இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான்பால், குழாய்வழி உணவும் நீரும் கொள்கையளவில் இயல்பான பராமரிப்பே என்றார். ஆக, வென்டிலேட்டரை எடுக்கச் சம்மதிக்கும் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் உணவுக்குழாயில் தயங்கினால் அது முரண்பாடல்ல. நேர்காணலில் இரண்டையும் ஒரே கேள்வியில் போட்டால் அந்தத் தயக்கம் பதிவாகாமல் போய்விடும்.

இன்னொரு எச்சரிக்கை. 'வடக்கிருத்தல்' (வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடுதல்) அழகான சொல் என்று யாராவது இதற்குள் கொண்டுவரக்கூடும். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததும், திருநாதர்குன்றில் 57 நாள் அனசனம் (உண்ணாநோன்பு) நோற்ற சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகையும் (நினைவிடமும்), சிரவணபெளகொளாவின் சல்லேகனைக் (சமணர் உண்ணாநோன்பிருந்து உயிர்விடுதல்) கல்வெட்டுகளும் நம் துறையின் பெருஞ்செல்வம். ஆனால் அவை தெளிந்த நினைவோடு ஒருவர் தாமே மேற்கொள்ளும் நோன்பு. நினைவிழந்தவருக்குக் கருவி பொருத்துவதா என்பது வேறு கேள்வி. சல்லேகனையின் இன்னொரு பெயரான சந்தாரா பற்றி ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் அதைத் தற்கொலை என்று கொண்டதும், அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்ததும் தனி வழக்கு. இரண்டையும் ஒரே சொல்லால் கட்டினால் சமணர்களுக்கும் அநீதி, நோயாளிகளுக்கும் அநீதி.

'தொடங்காமை', 'விலக்கல்' என்ற இணையை முன்வைக்கிறேன்.

—

அனுப்புநர்: டாக்டர் ந.

'தொடங்காமை' நன்று. 'விலக்கல்' சாதிவிலக்கு, மதுவிலக்கு பக்கம் போகிறது. ஐ.சி.யு.வில் எல்லாரும் சொல்வது 'எடுத்துடலாம்' என்பதே. அதையே எழுத்துநடைக்கு ஏற்றி 'மீட்டெடுத்தல்' என்றால் காப்பாற்றுவதாகிவிடும். 'எடுத்துவிடல்' போதும்.

அது ஒரு கணத்தில் நடக்கும் செயலும் அல்ல. தசைத்தளர்வு மருந்து ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்தி, அதன் வேகம் முழுதும் இறங்கும்வரை காத்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் மூச்சுத் திணறினாலும் முகத்தில் தெரியாது. மார்ஃபினும், பதற்றம் தணித்து மயக்கும் மிடசோலமும் முன்கூட்டியே ஏறியிருக்கவேண்டும், திணறல் தொடங்கியபின் கொடுத்தால் பின்னால் துரத்திக்கொண்டே இருப்போம். தொண்டைச் சளிக்கு கிளைக்கோபைரோலேட். மானிட்டரின் ஒலியை அணைத்துவிட்டு, கட்டிலின் கைப்பிடியை இறக்கி, குடும்பத்தைப் பக்கத்தில் உட்காரவைக்கவேண்டும். உயிர் சில நிமிடங்களில் பிரியலாம், ஒரு நாளும் ஆகலாம். இதை முன்னாலேயே சொல்லாவிட்டால் 'எடுத்தும் போகவில்லையே, தப்புப் பண்ணிட்டோமா' என்று பிள்ளைகள் உடைந்துபோவார்கள்.

இதற்கும் 'கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போறது' என்று மக்கள் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டையும் படிவம் காட்டவேண்டும். மருத்துவ ஆலோசனைக்கு மாறாக வெளியேறுவதாக எழுதிக்கொடுத்து ஆம்புலன்சில் போகும்போது குழாயோடு மார்ஃபினும் நின்றுவிடுகிறது. நம் ஊர்களில் எடுத்துவிடல் பெரும்பாலும் இந்த வேடத்தில்தான் நடக்கிறது, அதனால் வழியிலேயே வலியோடு சாகிறார்கள். நேர்காணலில் 'எடுத்துவிட்டீர்களா' என்று மட்டும் கேட்டால் இவர்கள் அனைவரும் 'இல்லை' என்பார்கள்.

—

அனுப்புநர்: மு. வே.

ஆணையை விட்டுக்கொடுக்கிறேன். டாக்டர் அம்மா காட்டிய அந்த 'வாங்கி' என்ற வினையே போதும். சு. இ. கவலைப்படும் எடையை 'ஆவணம்' என்ற சொல் தாங்கும். பத்திரப்பதிவு அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் கனம் எல்லாருக்கும் தெரியும். 'முன்விருப்பு' என்று சுருக்கவேண்டாம், 'விருப்பு வெறுப்பு' நினைவுக்கு வந்து சார்புநிலைப் பொருள் தரும். 'எடுத்துவிடல்' பேச்சுக்குச் சரி. பெயரடையாக வரும் இடங்களில் 'அகற்றல்' என்று வைத்தால் 'அகற்றல் முடிவு', 'அகற்றல் நடைமுறை' எனத் தொடர்கள் அமையும்.

—

அனுப்புநர்: க. செ.

எல்லாருக்கும் நன்றி. படிவத்தில் போகவிருக்கும் வாசகம்:

'மருத்துவ முன்விருப்ப ஆவணம் என்பது, தன்னால் முடிவைச் சொல்ல இயலாத நிலை வந்து, குணமாகும் நம்பிக்கையும் இல்லாதபோது, எந்த உயிர்தாங்கு சிகிச்சையைத் தொடங்கக்கூடாது, எதை அகற்றலாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி, சாட்சிகளோடு சான்றுபெற்று வைப்பது. வலியைத் தணிக்கும் மருந்தும் பராமரிப்பும் எந்நிலையிலும் தொடரும்.'

வென்டிலேட்டர், டயாலிசிஸ், உணவுக்குழாய் மூன்றும் தனித்தனிக் கேள்விகள். ஒவ்வொன்றிலும் 'தொடங்கவில்லை', 'தொடங்கி அகற்றினோம்', 'கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தோம்', 'கடைசிவரை தொடர்ந்தது' என்று நான்கு விடைகள். திருப்பி மொழிபெயர்ப்பவருக்கு இந்த இழையைக் காட்டப்போவதில்லை. அவர் 'அகற்றல்' என்பதை எந்த ஆங்கிலச் சொல்லாகத் திருப்புகிறார் என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன். 'ரிமூவல்' என்று வந்தால் 'எடுத்துவிடல்' என்பதையே எல்லா இடத்திலும் வைத்துவிடலாமா, மு. வே. ஐயா?