பொருந்துவதும் இணங்குவதும்: ‘மூன்றாம் தரப்பு நினைவகத் தொகுதி’க்கு ஒரு மாற்று முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மடிக்கணினியில் நினைவகத்தைக் கூட்டிக்கொள்வது பற்றிய பயனர் கையேட்டைத் தமிழில் எழுதும்போது, ‘தேர்ட் பார்ட்டி மெமரி மாட்யூல்’ (மடிக்கணினியைச் செய்த நிறுவனம் அல்லாத வேறொரு நிறுவனம் விற்கும், உள்ளே செருகும் நினைவகப் பலகை) என்பதை எப்படிச் சொல்லலாம் என்று இந்த மடல் இழையைத் தொடங்கிய நண்பர் கேட்டிருந்தார். இதுவரை வந்த மடல்களில் பெரும்பாலானவை ‘மூன்றாம் தரப்பு நினைவகத் தொகுதி’ என்பதையே ஏற்றுக்கொள்கின்றன. அந்தத் தொடரில் உள்ள ‘தரப்பு’, ‘தொகுதி’ என்ற இரண்டு சொற்களுமே நம் வாசகரைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்லும் என்று நான் கருதுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

முதலில் ‘தரப்பு’. பக்கம் என்று பொருள்படும் அரபுச் சொல் உருது வழியாக நம்மிடம் வந்து, வழக்கு மன்றத்திலும் பேச்சுவார்த்தையிலும் வேரூன்றிவிட்டது. அரசுத் தரப்பு, எதிர்த்தரப்பு என்று சொன்னால் ஒரு வழக்கும் அதில் எதிரெதிரே நிற்பவர்களும் கண்முன் வருகிறார்கள். இலங்கை வாசகர் ‘மூன்றாம் தரப்பு’ என்று படித்ததும் ‘மத்தியஸ்தம்’ என்ற சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கைக் காலத்தில் நோர்வேயின் பங்கைப் பற்றிய செய்திகளில் அவர்கள் ஓயாமல் படித்த தொடர் அது. தமிழ்நாட்டிலோ அதே ஆங்கிலத் தொடர் வண்டிக் காப்பீட்டில் ‘மூன்றாம் நபர்’ என்று ஆயிற்று. காப்பீட்டு நிறுவனம் ஒருவர், வண்டிக்காரர் ஒருவர், அந்த வண்டியால் அடிபட்டவர் மூன்றாமவர் என்ற கணக்கு அங்கே யாருக்கும் விளங்கும். கடைக்குப் போய் எட்டு ஜிபி கேட்பவரின் மனத்தில் முதலாமவர் யார், இரண்டாமவர் யார் என்ற எண்ணமே எழுவதில்லை.

இதைவிடப் பெரிய இடர் காதில் விழும் ஒலியில் இருக்கிறது. ‘மூன்றாந்தரம்’ என்பது தமிழில் மட்டமான சரக்குக்கு நாம் தலைமுறைகளாக வைத்திருக்கும் சொல். ‘மூன்றாம் தரப்பு நினைவகம் வாங்கலாம்’ என்று நான் எழுதியிருந்த வரைவை என் அண்ணனிடம் படித்துக் காட்டியபோது, அவர் நடுவிலேயே நிறுத்தி, “மூன்றாந்தரச் சரக்கை ஏன் வாங்கச் சொல்கிறாய்?” என்று கேட்டார். அவர் காதில் குறையில்லை. ‘தரம்’ என்ற பழகிய சொல்லுக்கு இவ்வளவு அருகில் நிற்கும் தொடரை, விலை குறைந்த ஒரு பொருளின் பெயரோடு சேர்த்து எழுதினால் எவர் காதிலும் அப்படித்தான் விழும்.

அந்தப் பொருள் உண்மையில் மட்டமானதாக இருந்தாலாவது இதை விட்டுவிடலாம். நிலைமை அப்படி இல்லை. உலகின் கணினி நினைவகச் சில்லுகளில் மிகப் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே செய்கின்றன. மடிக்கணினியின் மேல் பெயர் பொறித்து விற்கும் நிறுவனங்கள் பொதுவாக நினைவகச் சில்லு செய்வதில்லை; இவர்களிடமிருந்தோ இவர்களுடைய சில்லுகளைப் பலகையில் பொருத்தித் தருபவர்களிடமிருந்தோ வாங்கித்தான் உள்ளே வைக்கின்றன. 1987இல் ஜான் டூவும் டேவிட் சன்னும் கலிபோர்னியாவில் தொடங்கிய கிங்ஸ்டன் நிறுவனமும் இப்படிப் பிறர் செய்த சில்லுகளை வாங்கிப் பலகையில் பொருத்தி விற்றே வளர்ந்தது. எனவே ‘அசல்’ என்று கூடுதல் விலைக்கு வருவதிலும், சேவை மையத்துக்கு வெளியே பாதி விலைக்குக் கிடைப்பதிலும் ஒரே ஆலையின் சில்லு இருக்கக்கூடும். யாருடைய பெயர் ஒட்டப்பட்டிருக்கிறது, பழுதானால் யார் மாற்றித் தருவார் என்பதில்தான் வேறுபாடு.

அந்த வேறுபாட்டை மட்டும் சொல்வதற்குப் ‘பிறநிறுவன’ என்ற அடை போதும். ‘பிறநிறுவன நினைவகம்’ என்றால் மடிக்கணினியைச் செய்த நிறுவனம் தவிர்த்த வேறொரு நிறுவனத்துடையது என்று யாரும் விளக்காமலே புரியும். தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ‘அயல்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அழகான சொல்தான், ஆனால் அயல்நாடு, அயலகம் என்ற பழக்கத்தால் அது வெளிநாட்டுப் பொருள் என்றே படிக்கப்படும். ‘மாற்று நினைவகம்’ என்பதும் சரிவராது. பல மடிக்கணினிகளில் நினைவகத்துக்கான ஒரு செருகுவாய் (ஸ்லாட்) காலியாகவே இருக்கும். அதில் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறோம்; எதையும் எடுத்துவிட்டு மாற்றுவதில்லை.

இரண்டாவது ‘தொகுதி’. தமிழ்நாட்டில் இது சட்டமன்றத்தையும் பல பாகங்களாக வெளிவரும் நூலையும் நினைவூட்டும். அதனால் பெரிய கேடில்லை. இலங்கையில்தான் சிக்கல். அங்கே பள்ளிப் பாடங்களில் சமிபாட்டுத் தொகுதி (செரிமான மண்டலம்), நரம்புத் தொகுதி என்று உறுப்புகள் பல சேர்ந்து இயங்கும் முழு அமைப்புக்கு இந்தச் சொல் வழங்குகிறது. ‘நினைவகத் தொகுதி’ என்றால் நினைவக ஏற்பாடு முழுவதும் என்று அவர்கள் படிப்பார்கள். நாமோ விரல் நீளத்துப் பலகை ஒன்றைச் சொல்ல வருகிறோம். ‘கூறு’ என்பது இதற்கு நேர்மாறாக மிகச் சிறுத்துவிடுகிறது. பலகையில் உள்ள ஒரு சில்லும் கூறுதானே. ‘நினைவட்டை’ என்று எழுதினால் படக்கருவியிலும் கைப்பேசியிலும் போடும் நினைவக அட்டையோடு கலந்துவிடும். ‘நினைவுப் பலகை’ என்பது மறைந்தவர் பெயரைப் பொறித்துச் சுவரில் பதிப்பது. ‘பட்டை’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் ‘பணிப்பட்டையை வலச்சொடுக்கி, நினைவகப் பட்டையின் அளவைப் பார்க்கவும்’ என்று ஒரு வாக்கியத்தை எழுதிப் பார்த்தவுடன், திரையில் உள்ள பட்டையும் கையில் உள்ள பட்டையும் குழம்புவதைக் கண்டு கைவிட்டேன்.

கடைகளில் ‘ரேம்’ என்ற சொல் எப்படிப் புழங்குகிறது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். பாடநூலில் அது ஒரு நினைவக வகையின் பெயர். சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிச்சி தெருவில் அது எண்ணக்கூடிய பொருள்: “எட்டு ஜிபி ரேம் ரெண்டு குடுங்க.” ‘இரண்டு நினைவகங்கள்’ என்று எந்தத் தமிழரும் கேட்கமாட்டார். ஆகவே நமக்குத் தேவைப்படுவது எண்ணத்தக்க, கையில் எடுக்கத்தக்க ஒரு பெயர். ‘நினைவகக் கீற்று’ என்று முன்மொழிகிறேன். தேங்காய்க் கீற்று, மாங்காய்க் கீற்று என்று மெல்லியதாக நீண்ட துண்டுக்கு நாம் வழங்கும் சொல் அது. மடிக்கணினிக்கான டிடிஆர்4 (டிடிஆர்3க்கு அடுத்த நினைவகத் தலைமுறை) பலகையின் நீளம் 69.6 மில்லிமீட்டர், அகலம் 30 மில்லிமீட்டர். கையில் எடுத்துப் பார்த்தால் கீற்று என்றே சொல்லத் தோன்றும். ‘எட்டு ஜிபி கீற்று இரண்டு’ என்று வாய் திறந்து கேட்கவும் முடியும். ஜெடெக் தர அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்ட காம்2 என்ற புதிய நினைவகப் பலகை வகை அகலமாக, திருகாணியால் இறுக்கப்படுவதாக இருக்கிறது. அதைக் கீற்று என்று சொல்ல இயலாது. அதற்கு ‘நினைவகத் தகடு’ என்று தனிப்பெயர் வைப்பதே நேர்மை.

இனி எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் சொல்லுக்கு வருகிறேன். ‘கம்பேட்டிபிள்’ என்பதற்கு இந்த இழையில் ‘பொருத்தமான’ என்றும் ‘இணக்கமான’ என்றும் மாறி மாறி எழுதப்படுகிறது. எதை எழுதினாலும் ஒன்றுதான் என்று ஒரு மடலும் வந்தது. இரண்டும் ஒன்றில்லை என்பதை நான் பணம் கொடுத்துக் கற்றேன்.

என் அக்கா மகளின் மடிக்கணினியில் இருப்பது இன்டெலின் நான்காம் தலைமுறைச் செயலி, அதாவது 2013இல் வந்த வரிசை. நான்கு ஜிபி கீற்று ஒன்று உள்ளே இருந்தது. பக்கத்துச் செருகுவாய் காலி. டிடிஆர்3 என்று மட்டும் பார்த்து, விலை மலிவான பிறநிறுவனக் கீற்று ஒன்றை வாங்கினேன். “ஸ்லாட்டுல உக்காந்துருச்சுன்னா ஓடும் சார்,” என்றார் கடைக்காரர். வீட்டில் அடிமூடியைக் கழற்றி, மின்கலத்தின் இணைப்பை எடுத்துவிட்டு, கீற்றின் வெட்டுக்குறி செருகுவாயின் மேட்டோடு சேரும்படி சாய்வாக நுழைத்து மெல்ல அழுத்தினேன். இருபுறக் கொக்கிகளும் ‘டிக்’ என்று பிடித்துக்கொண்டன. எந்தத் தடையும் இல்லாமல், வார்த்து வைத்தது போல் உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றியது; திரை கறுப்பாகவே இருந்தது. புதிய கீற்றை எடுத்ததும் பழையபடி இயங்கியது.

காரணம் ஒட்டுத்தாளில் இருந்தது. பழைய கீற்றில் ‘பிசி3எல்-12800’, புதியதில் ‘பிசி3-12800’. அந்த ஓர் ‘எல்’ குறைந்த மின்னழுத்தத்தைக் குறிக்கிறது. சாதாரண டிடிஆர்3க்கு 1.5 வோல்ட் வேண்டும், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில் இயங்கும். அந்தத் தலைமுறை மடிக்கணினிகள் 1.35 மட்டுமே தருகின்றன. ஆனால் இரண்டு கீற்றுகளுக்கும் 204 தொடுமுனைகள். வெட்டுக்குறியும் ஒரே இடத்தில். கீற்று பொருந்தியது, இணங்கவில்லை. கடைக்காரர் சொன்னது பொருத்தத்தைப் பற்றிய உண்மை. எனக்குத் தேவைப்பட்டது இணக்கத்தைப் பற்றிய உண்மை. அவர் மறுநாள் முகம் கோணாமல் மாற்றிக் கொடுத்தார். ‘எல்’ கீற்றைப் போட்டதும் எட்டு ஜிபி என்று திரை காட்டியது.

தமிழில் இந்த இரண்டு சொற்களும் ஏற்கெனவே பிரிந்துதான் இருக்கின்றன. சட்டை பொருந்துகிறது, மூடி பொருந்துகிறது என்று வடிவத்துக்குச் சொல்கிறோம். பத்துப் பொருத்தமும் பார்த்து மணம் முடித்த பிறகும் ‘இருவருக்கும் இணக்கமில்லை’ என்று ஊரில் சொல்வதுண்டு. சேர்ந்து வாழ்வதற்கும் சேர்ந்து இயங்குவதற்கும் இணக்கம் என்பதே நம் சொல். ஆகவே செருகுவாய், தொடுமுனை, வெட்டுக்குறி ஆகியவற்றுக்குப் ‘பொருத்தம்’ என்றும், மின்னழுத்தம், வேகம், கொள்ளளவு ஆகியவற்றுக்கு ‘இணக்கம்’ என்றும் கையேடு முழுவதும் பிரித்தே எழுத வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலையும் செய்கிறது என்பதற்காக நாமும் ஒன்றைக் கைவிட வேண்டியதில்லை. மலிவான கீற்று வாங்குகிறவர் காசை இழப்பது இந்த இடைவெளியில்தான்.

இதையொட்டி இன்னொரு சொல். ஒவ்வொரு கீற்றிலும் தன் கொள்ளளவு, வேகம், மின்னழுத்தம் முதலியவற்றை எழுதி வைத்திருக்கும் சிறு சில்லு ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகையின் நிலைபொருள் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள்ளமைந்த மென்பொருள்) முதலில் அதைப் படித்த பிறகே நினைவகத்தை இயக்குகிறது. ‘எஸ்பிடி’ என்று சொல்லப்படும் இதற்கு ‘வரிசைமுறை இருப்புக் கண்டறிதல்’ என்று ஒரு மடலில் படித்தேன். சொல்லுக்குச் சொல் சரிதான். படிப்பவருக்கு எதுவும் விளங்காது. ‘தன்விவரச் சில்லு’ என்று வைக்கலாம்.

‘அப்கிரேடு’ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மென்பொருளுக்கு ‘மேம்படுத்தல்’ நிலைத்துவிட்டது. நினைவகத்துக்கு மக்கள் ‘கூட்டணும்’ என்றே சொல்கிறார்கள். அளவு கூடுகிறது, எனவே ‘நினைவகம் கூட்டுதல்’.

கையேட்டின் அந்தப் பத்தியை இந்தச் சொற்களால் எழுதிப் பார்த்தேன்:

“பிறநிறுவன நினைவகக் கீற்றுகளையும் இந்த மடிக்கணினியில் பயன்படுத்தலாம். வாங்கும் முன், தற்போதுள்ள கீற்றின் ஒட்டுத்தாளில் உள்ள வகைக்குறியை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளவும். செருகுவாயில் பொருந்தும் கீற்று அனைத்தும் கணினியோடு இணங்கும் என்று கொள்ள வேண்டாம். புதிய கீற்றைச் செருகியபின் திரை ஒளிரவில்லையெனில், அதை எடுத்துவிட்டுப் பழைய கீற்றுடன் மட்டும் இயக்கிப் பார்க்கவும்.”

இலங்கை நண்பர்கள் ‘இணங்கும்’ என்பது அங்கே இயல்பாக ஒலிக்கிறதா என்று சொன்னால் நன்றாக இருக்கும். ‘இணங்குதல்’ என்றால் ‘சம்மதித்தல்’ என்று மட்டுமே கொள்ளப்படுமானால் ‘இணக்கமாக இயங்கும்’ என்று விரித்து எழுதிவிடலாம். அடுத்த முறை ரிச்சி தெருவுக்குப் போகும்போது இந்தப் பத்தியை அச்செடுத்துக் கொண்டுபோய் அதே கடைக்காரரிடம் படிக்கக் கொடுக்கப் போகிறேன். அவருக்கு எந்த வரி தடுக்கிறதோ அதை இங்கே எழுதுகிறேன்.

அன்புடன்.