58 லட்சம் ஃப்ளாட், பத்திரத்துல 40 போடலாம்ங்கறார் ஓனர். ஹோம் லோன் எவ்வளவு கிடைக்கும்?

தாம்பரம்_வாடகைவீடு:

வணக்கம். ராஜகீழ்ப்பாக்கத்துல ஒரு ரீசேல் ஃப்ளாட் பாத்திருக்கோம், ரெண்டு பெட்ரூம், 2009ல கட்டினது, பொண்ணோட ஸ்கூல் பக்கத்துலயே இருக்கு, வீட்டம்மாவுக்கும் ரொம்ப புடிச்சு போச்சு. பேசி பேசி 58 லட்சத்துல முடிஞ்சிருக்கு. இப்ப ஓனர் ரெண்டு விஷயம் சொல்றார். பத்திரத்துல 40 லட்சம்னு போட்டுக்கலாம், கைடுலைன் வேல்யூ (பதிவுக்கு அரசு வெச்சிருக்கற குறைஞ்சபட்ச மதிப்பு) அதுக்கும் கீழதான் வருது, மிச்சம் 18 லட்சத்தை கேஷா குடுத்துடுங்க, உங்களுக்கும் ரிஜிஸ்ட்ரேஷன் செலவு குறையும்ங்கறார். அப்புறம் அந்த ஃப்ளாட் மேல அவருக்கு ஒரு பேங்க்ல 17 லட்சம் லோன் பாக்கி இருக்கு, ஒரிஜினல் பத்திரம் எல்லாம் அங்கதான். 10 லட்சம் அட்வான்ஸ் குடுத்தா அதை வெச்சு கொஞ்சம் அடைச்சுட்டு மிச்சத்தை பாத்துக்கறேன்ங்கறார்.

எனக்கு கைக்கு வர்ற சம்பளம் 72,000, ஒரு பர்சனல் லோனுக்கு மாசம் 9,000 போகுது. வீட்டம்மா பிரைவேட் ஸ்கூல் டீச்சர், 22,000 அக்கவுண்ட்லயே ஏறுது. சேமிப்பு, பி.எஃப், நகை எல்லாம் சேத்து 19 லட்சம் வரைக்கும் பொரட்டலாம். எவ்வளவு லோன் கிடைக்கும், 20 வருஷமா 30 வருஷமா, இந்த 40 லட்சம் விஷயம் சரிதானா? ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்ங்கறார், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

லோன்செக்‌ஷன்_ரிட்டயர்டு:

தம்பி, அந்த 40 லட்சத்துக்கு மட்டும் தலையாட்டிடாதீங்க. பேங்க் லோன் குடுக்கறது அக்ரிமெண்ட்ல இருக்கற விலை, வேல்யூவர் போடற மதிப்பு, இந்த ரெண்டுல எது கம்மியோ அதை வெச்சுதான். 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்கும் லோன்னா 80 சதவீதம்தான் ரிசர்வ் பேங்க் வெச்சிருக்கற உச்சவரம்பு. பத்திரத்துல 58 போட்டா 46.4 லட்சம் வரைக்கும் லோன் வரலாம், 40 போட்டா 32 லட்சத்தோட நின்னுடும். பத்திர செலவு ஸ்டாம்ப் ட்யூட்டி 7, ரிஜிஸ்ட்ரேஷன் 2, ஆக 9 சதவீதம், 18 லட்சத்துக்கு உங்களுக்கு மிச்சமாகறது 1,62,000. அந்த ஒண்ணரை லட்சத்தை மிச்சம் பண்ண போய் 14.4 லட்சம் கூடுதலா கைக்காசு வேணும், அதை எங்க போய் பொரட்டுவீங்க? 12, 14 சதவீதத்துல இன்னொரு பர்சனல் லோன் போடறதுதான் நடக்கும். கேஷ் விஷயமும் சும்மா இல்ல, சொத்து விக்கறதுல 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கேஷா வாங்கக்கூடாதுன்னு 2015லேர்ந்து சட்டம் இருக்கு, மாட்டினா வாங்கின தொகை முழுசுமே அபராதம். அது அவர் தலைவலின்னு விட்டாலும், நாளைக்கு நீங்க விக்கும்போது உங்க வாங்கின விலை 40னுதான் பேப்பர்ல இருக்கும், நிஜமா குடுத்த 18 லட்சத்துக்கும் சேத்து நீங்க வரி கட்டணும்.

லோன் தொகைக்கு வர்றேன். சுமாரா கைக்கு வர்ற சம்பளத்துல பாதி வரைக்கும் எல்லா இ.எம்.ஐயும் சேத்து போகலாம்னு பாப்பாங்க, பேங்குக்கு பேங்க் கொஞ்சம் மாறும். உங்க சம்பளம் மட்டும்னா 36,000, அதுல 9,000 போக 27,000. வட்டி 8 சதவீதம்னு வெச்சுக்கிட்டா 20 வருஷத்துக்கு லட்சத்துக்கு 836 ரூபாய் இ.எம்.ஐ, அப்ப 32 லட்சம்தான் தேறும். வீட்டம்மாவையும் கோ-அப்ளிகண்டா சேத்தீங்கன்னா 38,000 வரைக்கும் இடம் இருக்கு, 45 லட்சம் வருது. பர்சனல் லோன் கொஞ்சம்தான் பாக்கின்னா முடிச்சுட்டு க்ளோஷர் லெட்டர் வாங்கி, சிபில்ல (நம்ம கடன் கணக்கெல்லாம் பதிவாகற ரிப்போர்ட்) ஏறிடுச்சான்னு பாத்துட்டு அப்ளை பண்ணுங்க. பத்திர செலவை லோன்ல சேக்க மாட்டாங்க, 58க்கு 5,22,000 அது தனி. ப்ராசசிங் ஃபீஸ், லீகல், வேல்யூவேஷன், பத்திரத்தை பேங்க்ல டெபாசிட் பண்ணறதை பதிய ஒரு செலவு, இதெல்லாம் சேத்தா உங்க 19 லட்சம் கிட்டத்தட்ட முழுசா கரைஞ்சிடும். உள்ள போய் ஃபேன் மாட்டறதுக்கும் காசு வேணும் பாத்துக்கோங்க.

மேடவாக்கம்_அக்கா:

நாங்க வாங்கினதும் இதே மாதிரி லோன் இருந்த ஃப்ளாட்தான், பயப்பட வேண்டாம் தம்பி, ஆனா 10 லட்சத்தை அவர் கையில மட்டும் குடுக்காதீங்க. அவர்கிட்ட ரெண்டு பேப்பர் கேளுங்க, லோனை முழுசா முடிக்க பாக்கி எவ்வளவுன்னு அவங்க பேங்க் தர்ற ஃபோர்க்ளோஷர் லெட்டர், அப்புறம் அங்க என்னென்ன ஒரிஜினல் இருக்குன்னு ஒரு லிஸ்ட். அந்த லிஸ்ட்ல தாய்ப்பத்திரம் (சொத்தோட பழைய மூலப்பத்திரம்) இருக்கா, ப்ளான் அப்ரூவல் காப்பி இருக்கான்னு விரல் வெச்சு ஒண்ணொண்ணா பாருங்க. எங்களுக்கு அந்த லிஸ்ட்ல 1987ல எழுதின ஒரு பத்திரம் ஜெராக்ஸ்னுதான் போட்டிருந்துச்சு, வக்கீல் அதை பாத்துட்டு சார்பதிவாளர் ஆபீஸ்ல சர்டிஃபைட் காப்பி போட்டு வாங்கிட்டு வாங்கன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் லோனே நகந்துச்சு. வில்லங்கம் நீங்களே டிஎன்ரெஜிநெட்ல, அதாவது பதிவுத்துறை வெப்சைட்ல, பாத்துக்கலாம், அவரோட லோன் அதுல தெரியணும், வேற எதாவது தெரிஞ்சா அப்பவே கேளுங்க.

அட்வான்ஸ் ஒரு லட்சமோ ரெண்டு லட்சமோ போதும், அக்ரிமெண்டை பதிவு பண்ணிடுங்க. அதுல பேங்க் லீகல்லயோ வேல்யூவேஷன்லயோ லோன் நின்னு போனா அட்வான்ஸ் முழுசா இத்தனை நாளைக்குள்ள திரும்ப வரணும்னு ஒரு வரி எழுதி வாங்குங்க, அந்த ஒரு வரி இல்லாம கையெழுத்தே போடாதீங்க. உங்க பங்கு பணம் எதுவா இருந்தாலும் அவரோட லோன் அக்கவுண்ட் நம்பருக்கே நேரா கட்டுங்க. மிச்ச பாக்கிக்கு உங்க பேங்க் அவங்க பேங்க் பேர்லயே டி.டி எடுக்கும், லோன் முடிஞ்சதும் பத்திரமும் அடமானம் தீந்ததுக்கான ரசீதும் வாங்கணும், அந்த ரசீதும் பதிவாகணும், அது வில்லங்கத்துல ஏறின அப்புறம் உங்க பத்திரப்பதிவு. எங்களுக்கு அவங்க பேங்க் பத்திரம் தர இழுத்தடிச்சப்ப, 30 நாளைக்குள்ள தரலேன்னா ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்னு ரிசர்வ் பேங்க் ரூல் 2023 டிசம்பர்லேர்ந்து இருக்கேன்னு கேட்டோம், அடுத்த வாரமே வந்துச்சு.

அக்ரிமெண்ட் போடறதுக்கு முன்னாடியே உங்க சொந்த செலவுல ஒரு வக்கீல்கிட்ட பேப்பரை குடுத்து பாருங்க. பேங்க் வக்கீல் பாக்கறது பேங்க் பணத்துக்காக, நீங்க குடுத்த அட்வான்ஸ் அவர் கணக்குலயே வராது.

ஈ.எம்.ஐ_கணக்கன்:

20ஆ 30ஆன்னு கேட்டீங்களே ப்ரோ, 46 லட்சத்துக்கு 8 சதவீதத்துல கணக்கு போட்டு பாத்தேன். 20 வருஷம்னா மாசம் 38,476, மொத்த வட்டி 46 லட்சம் சொச்சம். 30 வருஷம்னா மாசம் 33,753, வட்டி 75 லட்சத்தை தாண்டுது. மாசம் 4,700 குறையுதுன்னு 29 லட்சம் கூட கட்டறீங்க. என்னை கேட்டா 20 போட்டு போனஸ் வர்றப்ப வருஷத்துக்கு ஒரு இ.எம்.ஐ கூடுதலா கட்டுங்க, மூணு வருஷத்துக்கும் மேல முன்னாடியே முடிஞ்சிடும். முதல் மாச இ.எம்.ஐல 30,667 வட்டிக்கே போகுது, அசல்ல 7,800தான் கழியுது, அதனால ஆரம்பத்துல கட்டற எக்ஸ்ட்ராதான் நல்லா வேலை செய்யும். ஃப்ளோட்டிங் ரேட்ல (வட்டி அப்பப்ப ஏறி இறங்கற லோன்) முன்கூட்டி கட்டறதுக்கு அபராதம் கிடையாது.

பல்லாவரம்_காரன்:

நான் இதுல மாறுபடறேன். டீச்சரம்மா சம்பளத்தை நம்பி 38,000 எடுக்கறாங்க, நாளைக்கு அவங்களால வேலைக்கு போக முடியலேன்னா? பேங்க் குடுத்தா 25 வருஷம் போடுங்க, முடியறப்ப 20 வருஷ இ.எம்.ஐ அளவுக்கு நீங்களா கட்டிக்கோங்க. கட்டாயம் வேற, நாமளா கட்டறது வேற. ஆனா கட்டடம் 2009ங்கறதால ரொம்ப நீளமா குடுக்க சில பேங்க் யோசிக்கும். ரெப்போவோட (ரிசர்வ் பேங்க் பேங்குகளுக்கு கடன் குடுக்கற வட்டி) லிங்க் ஆன லோனான்னு கேட்டு வாங்குங்க, 2025ல மட்டும் ரெப்போ 6.5லேர்ந்து 5.25க்கு வந்துச்சு, அந்த மாதிரி லோன் வெச்சிருந்தவங்களுக்கு தானா இறங்குச்சு. லோன் கூடவே ஒரு இன்சூரன்ஸை தலையில கட்டுவாங்க, ப்ரீமியத்தையும் லோன்லயே சேத்துடுவாங்க, அது கட்டாயம் இல்ல, தனியா ஒரு டேர்ம் பாலிசி எடுத்துக்கோங்க.

தாம்பரம்_வாடகைவீடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்ன அந்த ஒரு வரிக்கு ஓனர் சரின்னுட்டார். ஆனா 58 முழுசா போட்டா எனக்கு டாக்ஸ் நாலு லட்சத்துக்கு மேல வரும், அதை நீங்க குடுத்துடுங்கன்னு புதுசா ஆரம்பிக்கறார். 2009ல 24 லட்சத்துக்கு வாங்கினாராம்.

லோன்செக்‌ஷன்_ரிட்டயர்டு:

வித்த லாபத்துக்கு 12.5 சதவீத வரிங்கறதை வெச்சு சொல்றார் தம்பி. 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்கின வீட்டுக்கு இண்டெக்சேஷன் (வாங்கின விலையை விலைவாசிக்கு ஏத்தபடி கூட்டறது) போட்டு 20 சதவீதம்ங்கற பழைய கணக்கும் இருக்கு, எது கம்மியோ அது. 2009-10க்கு இண்டெக்ஸ் 148, 2025-26க்கு 376. அவர் 24 லட்சம் இப்ப கிட்டத்தட்ட 61 லட்சம்னு ஆகுது, விக்கறது 58க்கு. லாபமே இல்ல, வரி எங்கேர்ந்து வரும்? ஒரு ஆடிட்டர்கிட்ட அவரை கூட்டிட்டு போங்க, ஃபீஸ் நீங்களே குடுத்தாலும் பரவால்ல. அப்புறம் 50 லட்சத்துக்கு மேலங்கறதால 1 சதவீதம், அதாவது 58,000 நீங்க டி.டி.எஸ்னு (விலையிலேர்ந்து முன்கூட்டியே கழிக்கற வரி) புடிச்சு அவர் பான்ல கட்டணும். அது அவர் ரிட்டர்ன் போட்டா திரும்ப வந்துடும், இதையும் முன்கூட்டியே சொல்லிடுங்க, கடைசி நாள்ல சண்டை வேண்டாம்.

தாம்பரம்_வாடகைவீடு:

ஆடிட்டர் அதையேதான் சொன்னார் சார், ஓனர் 58க்கு பதிய ஒத்துக்கிட்டார். பர்சனல் லோனை நகை வித்து முடிக்கறோம், திங்கக்கிழமை வக்கீல்கிட்ட பேப்பர் குடுக்கறேன். ஒண்ணே ஒண்ணு, ஓனர் லோன் இருக்கற பேங்க்லயே நானும் லோன் போட்டா சுலபமா?

மேடவாக்கம்_அக்கா:

ஆமா, பத்திரம் ஒரு பேங்க்லேர்ந்து இன்னொரு பேங்க் போற அலைச்சல் மிச்சம். ஆனா வட்டி கால் சதவீதம் கூடன்னாலும் வேண்டாம்னு சொல்லிட்டு வேற பேங்க் பாருங்க, அலைச்சல் ஒரு மாசம்தான்.