வூஷியா ஆங்கிலத்துக்குப் போகும்போது எங்கே உடைகிறது? – அனுபவப் பகிர்வு

வூஷியா என்பது சீனத் தற்காப்புக்கலை வீரர்களின் கதை வகை. அதை எழுதியவர்களில் புகழ்பெற்ற ஜின் யோங்கின் நாவல்களை வைத்தே பேசலாம், எல்லாச் சிக்கலும் அவற்றில் இருக்கிறது. முதலில் பெயர்கள். கதை ஒரு பெயரின் பொருளைப் பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். பயன்படுத்தினால் பொருளைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒலியே போதும். 'லெஜண்ட் ஆஃப் தி காண்டார் ஹீரோஸ்' கதையில் குவோ ஜிங், யாங் காங் என்ற இரு பெயர்களின் கடைசி எழுத்துகளையும் சேர்த்தால் 'ஜிங்காங்' வரும். 1127-ல் சீனாவின் சோங் பேரரசர்கள் இருவரை வடக்கிலிருந்து வந்த ஜுர்சென்கள் சிறைபிடித்துக்கொண்டு போனதை அந்த ஆட்சியாண்டின் பெயரால்தான் சொல்வார்கள். அந்த அவமானத்தை மறக்கக் கூடாதென்றே தாவோ துறவி இந்தப் பெயர்களை வைக்கிறார். சீன வாசகருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஆங்கிலத்தில் அந்த உரையாடலுக்குள்ளேயே அரை வாக்கியம் சேர்த்தால் போதும். அடிக்குறிப்பில் தள்ளினால், யாங் காங் எதிரி இளவரசனாக வளரும்போது விழவேண்டிய அடி விழாது.

– – –

பெயர்களைவிட எனக்குப் பெரிய சிக்கல் அடிமுறைகளின் பெயர்கள். அதே கதையில் குவோ ஜிங் கற்கும் பதினெட்டு உள்ளங்கை அடிகளில் புகழ்பெற்றது 'காங் லோங் யோ ஹுய்'. 'உச்சிக்குப் போன டிராகனுக்கு வருத்தம் உண்டு' என்பது பொருள். யீ ஜிங் என்ற பழைய சீனக் குறிநூலில், ஆறு கோடுகளால் ஆன முதல் குறியின் ஆறாம் கோட்டுக்கான வாசகம் அது. பலரும் டிராகனைப் பிடித்துக்கொண்டு கம்பீரமான பெயர் ஒன்றைச் செய்கிறார்கள், வருத்தம் காணாமல் போகிறது. ஆனால் குரு ஹோங் சிகோங் கற்றுத்தருவதே அந்த வருத்தத்தைத்தான். வெளியே விடும் வலிமை பத்துப் பங்கு என்றால் உள்ளே இருபது பங்கு மிச்சமிருக்க வேண்டும் என்கிறார். பெயரில் 'வருத்தம்' இல்லாவிட்டால் அடுத்த இரண்டு பக்கப் பாடத்துக்கு வேரே இருக்காது. இப்படி விளக்கம் தொடரும் பெயர்களை மட்டும் நேரம் செலவழித்து மொழிபெயர்க்கலாம். சண்டை நடுவில் ஒருமுறை மின்னி மறையும் பெயருக்கு, மூச்சு முட்டாத நான்கைந்து ஆங்கிலச் சொற்கள் போதும்.

– – –

சண்டைக் காட்சியில் உடைவது இலக்கணம். சீனத்தில் எழுவாயை விட்டுவிடலாம். வினைகளைக் காற்புள்ளியால் கோத்து, அரைப் பக்கம் ஒரே வாக்கியமாக ஓடும். ஆங்கிலத்தில் அது 'அவன் அவனை அடிக்க அவன் விலகினான்' என்றாகிவிடும். மொழிபெயர்க்கும் முன் தாளில் படம் போடுங்கள்: யார் எங்கே நிற்கிறார், எந்தக் கையில் ஆயுதம், அடி எங்கிருந்து கிளம்பி எங்கே இறங்குகிறது. பிறகு ஒரு வாக்கியத்துக்கு ஓர் அடி, மிஞ்சினால் இரண்டு. பெயரைத் திரும்பத் திரும்ப எழுதத் தயங்கினால் ஆயுதத்தையே எழுவாயாக்கலாம்: 'ஈட்டி வந்தது', 'சாட்டை சுருண்டது'.

கதைசொல்லி வழக்கான 'சொல்ல நேரமாகும், நடந்ததோ சட்டென்று' என்ற தொடரைச் சண்டையில் ஒவ்வொரு முறையும் மொழிபெயர்க்காதீர்கள். சீனத்தில் அது வேகம் கூட்டும், ஆங்கிலத்தில் குறைக்கும்.

எதிரியைத் தொட்டு உறையவைக்கும் அக்குபஞ்சர் புள்ளிகளுக்கு மருத்துவக் குறியீடு வேண்டவே வேண்டாம். நெஞ்சில் இருக்கும் தான்ஜோங் புள்ளியை 'சிவி 17' என்று எழுதினால் வீரன் மருத்துவமனையில் படுத்திருப்பதுபோல் ஆகிவிடும். 'நெஞ்சு நடுவில் உள்ள புள்ளி' என்றாலே உடம்பு உறைவது புரியும்.

– – –

அளவுகளில் நடக்கும் தவறுகள் சிறியவை, ஆனால் கதையைக் கெடுப்பவை. 'மூன்றாம் கெங்' என்றால் மூன்று மணி இல்லை. இரவின் ஐந்து பங்கில் மூன்றாவது, அதாவது 11 முதல் 1 வரை, நள்ளிரவு. ஒரு ஷிசென் இரண்டு மணி நேரம். லீ ஏறக்குறைய அரை கிலோமீட்டர், மைல் ஆகாது. ஜாங் சுமார் மூன்று மீட்டர். அதை அடி என்று எழுதினால், இரண்டு ஜாங் சுவரைத் தாண்டும் வீரன் குழந்தைகூடத் தாண்டும் திண்டைத் தாண்டுவான். மீட்டராக மாற்றவும் வேண்டாம், காலம் கெட்டுவிடும். 'ஓர் ஊதுவத்தி எரியும் நேரம்' என்பதை அப்படியே விடுங்கள், அழகாக நிற்கும்.

– – –

அடுத்தது உறவுச்சொற்கள். ஒரே குருவிடம் கற்கும் மூத்தவர் ஷிசியோங், இளையவர் ஷிதி; இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'பிரதர்' ஒன்றுதான். குருவின் ஷிசியோங் ஷிபோ, குருவின் ஷிதி ஷிஷு; இரண்டும் 'அங்கிள்'. பெரியப்பா, சித்தப்பா என்று பிரித்துப் பேசும் நமக்கு என்ன தொலைகிறதென்று உடனே புரியும். போதாததற்கு, இந்த மூப்புக்கு வயது கணக்கில்லை, குருவிடம் யார் முதலில் சேர்ந்தார் என்பதே கணக்கு. பதினைந்து வயதுப் பையன் முப்பது வயதுக்காரருக்கு அண்ணனாக இருக்கலாம். முதல் அத்தியாயங்களிலேயே ஒரு காட்சி வழியாக இதைக் காட்டிவிட்டு, பிறகு சீனச் சொல்லையே வைத்துக்கொள்வதுதான் சரி என்பது என் கருத்து. குருவைக் குறிக்கும் 'ஷிஃபு'வும் அப்படித்தான். அதன் இரண்டாம் எழுத்து 'தந்தை'. 'மாஸ்டர்' என்றால் பாதி போய்விடும்.

– – –

இதையெல்லாம் தொடங்கும் முன் எந்தப் பதிப்பு என்று முடிவு செய்யுங்கள். 'லெஜண்ட் ஆஃப் தி காண்டார் ஹீரோஸ்' கதைக்கே 1957 முதல் 1959 வரை செய்தித்தாளில் வந்த வடிவம் ஒன்று, 1970-களில் திருத்தியது ஒன்று, 2000-களில் மீண்டும் திருத்தியது ஒன்று. பழைய வடிவில் யாங் காங்கின் மகன் யாங் குவோவின் தாய் சின் நான்சின். திருத்திய வடிவில் அந்தப் பாத்திரமே இல்லை, தாய் மூ நியன்சி. ரசிகர்கள் அத்தியாயம் அத்தியாயமாகப் பங்கிட்டு மொழிபெயர்க்கும்போது ஆளுக்கொரு பதிப்பைக் கையில் வைத்திருந்தால், நடுவில் தாய் மாறிப்போவாள். பதிப்பின் பெயரைச் சொற்பட்டியலின் முதல் வரியாக எழுதி, எல்லோருக்கும் ஒரே கோப்பாகக் கொடுத்துவிடுங்கள்.